மருந்தில் மருந்து இல்லை

இரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைக்குப் போடும் ஊசியில் சொன்ன வீரியம் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டியது அரசு. சோதித்தவர்கள் மருத்துவர்கள். இதைவிட வெட்கக்கேடு ஒரு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு வேறு இருக்க முடியாது.

மருந்தின் பெயர் எல்-அஸ்பாரஜினேஸ். குழந்தைகளுக்கு மிகுதியாக வரும் புற்றுநோய் ஏ.எல்.எல். என்னும் இரத்தப் புற்றுநோய். அதன் சிகிச்சைக்கு இந்த மருந்து முதுகெலும்பு. புற்றணுக்கள் இரத்தத்தில் உள்ள அஸ்பாரஜின் என்ற அமினோ அமிலத்தை உண்டு பிழைக்கின்றன. அதைத் தாமே போதிய அளவு உண்டாக்கிக்கொள்ள அவற்றால் முடியாது. மருந்து அந்த அமிலத்தைச் சிதைக்கிறது. புற்றணு பட்டினியில் சாகிறது.

வீரியம் குறைந்தால் பட்டினி இல்லை. புற்றணு பிழைத்துக்கொள்ளும். குழந்தையின் முகத்தைப் பார்த்து எவரும் அதைச் சொல்லிவிட முடியாது. இரத்தத்தில் மருந்தின் அளவைச் சோதித்தால் மட்டுமே தெரியும். அந்தச் சோதனை இந்நாட்டின் பெரும்பாலான மருத்துவமனைகளில் நடப்பதில்லை. மாதங்கள் கழித்தோ ஆண்டுகள் கழித்தோ நோய் திரும்பும். பழி நோயின் மேல் விழும். மருந்து தப்பித்துக்கொள்ளும். மருந்துக்கு உரிமம் கொடுத்தவரும் தப்பித்துக்கொள்வார்.

மும்பை டாடா நினைவு மருத்துவமனை மருத்துவர்கள் இங்கே விற்பனையாகும் அஸ்பாரஜினேஸ் மருந்துகளைச் சோதித்து 2020-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். குப்பியில் அச்சிட்ட வீரியம் உள்ளே இல்லை. ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகள் பலரின் இரத்தத்தில் தேவையான அளவும் எட்டவில்லை. அடுத்த ஆண்டு வேறோர் இந்திய ஆய்வு வெளிவந்தது. இந்தியாவின் அஸ்பாரஜினேஸ் தரம் திருப்தியாக இல்லை என்பதைத் தலைப்பிலேயே எழுதியது. 2023 ஜனவரியில் இலண்டனின் புலனாய்வுப் பத்திரிகையாளர் அமைப்பு ஒன்று உலகக் கணக்கை வெளியிட்டது. தரம் தவறிய அஸ்பாரஜினேஸ் வணிகப் பெயர்கள் குறைந்தது ஒரு டஜன். அவை சென்ற நாடுகள் 90-க்கும் மேல். ஆபத்துக்கு ஆளாகும் குழந்தைகள் ஏறத்தாழ 70,000 என்பது அவ்வமைப்பின் மதிப்பீடு.

பிரேசிலில் இது 2017-லேயே வெடித்தது. அங்கே சுகாதார அமைச்சகம் சீனத் தயாரிப்பு ஒன்றை இறக்குமதி செய்தது. கம்பினாஸ் நகரின் போல்திரினி குழந்தைகள் மருத்துவமனைத் தலைவர் சில்வியா பிராந்தலிஸ் அதைத் தம் நோயாளிகளுக்குப் போட மறுத்தார். சோதனைக்கு அனுப்பினார். மாசு இருப்பது தெரிந்தது. விவகாரம் நீதிமன்றம் ஏறியது. அங்கும் கண்டுபிடித்தவர் மருத்துவர்தான். அந்த எச்சரிக்கைக்குப் பிறகும் நம் கட்டுப்பாட்டு அமைப்பு கண் விழிக்கவில்லை.

அஸ்பாரஜினேஸ் 2022-ஆம் ஆண்டுத் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. பட்டியலில் உள்ள மருந்தின் விலைக்கு அரசு உச்சவரம்பு விதிக்கிறது. நல்லது. விலையின் உச்சத்தைக் காவல் காக்கும் அரசு, வீரியத்தின் அடித்தளத்தைக் காவல் காக்கவில்லை. மலிவாக வாங்கிய மருந்தில் மருந்தே இல்லையென்றால் மிச்சம் பிடித்தது என்ன?

இது தனித்த தவறு அன்று. 2022-இல் ஏமனிலும் லெபனானிலும் புற்றுநோய்க் குழந்தைகளுக்குச் செலுத்திய மீத்தோட்ரெக்சேட் ஊசி மருந்தில் சூடோமோனாஸ் கிருமி இருந்தது. உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை வெளியிட்டது. ஏமனில் குழந்தைகள் இறந்தார்கள். மருந்து தயாரான நாடு இந்தியா. அதே ஆண்டு காம்பியாவில் இந்திய இருமல் மருந்து. பிறகு உஸ்பெகிஸ்தான். 2025-இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்து மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா குழந்தைகளைக் கொன்றது. ஒவ்வொரு முறையும் முதலில் சவப்பெட்டி. பிறகு சோதனை. கடைசியில் உரிமம் ரத்து.

திருத்தப்பட்ட மருந்துத் தயாரிப்பு விதிகள் வந்தன. சிறு நிறுவனங்களுக்கு அவகாசம் நீட்டித்தார்கள். 2025 டிசம்பர் வரை நீட்டித்தார்கள். இரத்தப் புற்றுநோய் எந்தக் குழந்தைக்கும் அவகாசம் நீட்டித்ததில்லை.

இந்த மருந்தை நம்பி வரும் குடும்பம் எப்படிப்பட்டது என்பதை ஆட்சியாளர்கள் அறிவார்கள். ஏ.எல்.எல். சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் ஓடும். முதல் மாதங்களில் மருத்துவமனையை விட்டு நகர முடியாது. ஒருவர் கூலியை விட வேண்டும். பல வீடுகளில் இருவருமே விடுகிறார்கள். மூத்த பிள்ளையை ஊரில் பாட்டியிடம் விட்டுவிட்டு வருகிறார்கள். நகை அடகுக்குப் போகிறது. பிறகு காணி போகிறது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் படுக்கைக்கும் மருந்துக்கும் பணம் தரும். பேருந்துக் கட்டணம், வாடகை அறை, வெளியே வாங்கும் சத்துணவு எல்லாம் குடும்பத்தின் தலையில். நடுவழியில் சிகிச்சையை விட்டு ஊர் திரும்பும் குடும்பங்கள் இதனால்தான் திரும்புகின்றன. இத்தனையையும் தாங்கி நின்ற குடும்பத்தின் கையில் வீரியமில்லாத குப்பியைக் கொடுத்தவர்கள் யார்? பெயர் வேண்டும்.

குழந்தைப் புற்றுநோய் குணமாகாத நோய் அன்று. பணக்கார நாடுகளில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட குழந்தைகள் குணமடைகிறார்கள். ஏழை நாடுகள் பலவற்றில் 30 விழுக்காட்டைக்கூட எட்டுவதில்லை. இந்த இடைவெளியை நிரப்ப உலக சுகாதார நிறுவனம் 2018-இல் ஓர் இலக்கு வைத்தது. 2030-க்குள் உலகெங்கும் குறைந்தது 60 விழுக்காடு. அந்த ஆண்டு தொலைவில் இல்லை.

குணப்படுத்த வழி காட்டியது ஆராய்ச்சி. அதில் நம் மண்ணுக்கும் பங்கு உண்டு. 1940-களின் இறுதியில் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு முதன்முதலாக நோய் தணியக் கண்டது அமினாப்டெரின் மருந்தால். அதை உருவாக்கிக் கொடுத்த குழுவின் தலைவர் எல்லப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். வெள்ளைக்காரப் பேராசிரியர் முன் கதர் உடுத்தியதற்காக முழுப் பட்டம் மறுக்கப்பட்டவர் என்பார்கள். அவர் சாதித்தது அமெரிக்காவில். காரணத்தை இன்றைய ஆராய்ச்சி நிதித் துறையினரே சொல்லட்டும்.

இங்கேயே சாதித்தவர்களும் உண்டு. 1980-களின் நடுவில் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம், மும்பை டாடா நினைவு மருத்துவமனை, டெல்லி எய்ம்ஸ் மூன்றும் எம்.சி.பி.-841 என்ற ஒரே சிகிச்சை முறையைக் கையில் எடுத்தன. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் இயன் மக்ராத் உடன் நின்றார். புது மருந்து எதுவும் இல்லை. இருந்த மருந்துகளை நம் மருத்துவமனைகளின் வசதிக்கும் நம் குழந்தைகளின் உடல்நிலைக்கும் ஏற்ப ஒழுங்கு செய்தார்கள். பின்தொடர்ந்தார்கள். எழுதி வைத்தார்கள். அதற்கு முன் இந்த மையங்களில் பிழைத்தவர்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. பின்னர் நான்கு ஆண்டுகள் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் ஏறத்தாழப் பாதிப் பேர். கோடிக்கணக்கில் கொட்டாமல் கிடைத்த பலன் இது. தெரிந்த பாதை. தொடர்ந்து நடக்க வேண்டியிருந்தது. அரசு நடக்கவில்லை.

2023-இல் இரத்தப் புற்றுக்கான இந்தியாவின் முதல் கார்-டி செல் சிகிச்சைக்கு அனுமதி கிடைத்தது. ஐ.ஐ.டி. மும்பையும் டாடா நினைவு மையமும் சேர்ந்து செய்த பெருமைக்குரிய வேலை. அனுமதி 15 வயதுக்கும் அதற்கு மேற்பட்டவர்களுக்கும். ஏ.எல்.எல். மிகுதியாகத் தாக்குவது இரண்டு வயது முதல் ஐந்து வயது வரை. குழந்தைகள் எப்போதும் வரிசையின் கடைசியில்தான் நிற்கிறார்கள். மருந்து நிறுவனத்துக்கு அவர்கள் சிறு சந்தை. அரசுக்கு அவர்கள் ஓட்டில்லாதவர்கள்.

ஒன்றிய நிதிநிலை அறிக்கையில் குழந்தைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கென்று ஒரு கணக்குத் தலைப்பு இல்லை. 2020-21-இல் நாட்டின் மொத்த ஆராய்ச்சிச் செலவே உள்நாட்டு உற்பத்தியில் 0.64 விழுக்காடுதான். ஆனால் வருமான வரி கட்டும் ஒவ்வொருவரும் வரியின் மேல் 4 விழுக்காடு நலவாழ்வு, கல்வி மேல்வரியும் கட்டுகிறார்கள். 2018 முதல் கட்டிவருகிறார்கள். அதில் ஒரு துளியேனும் இந்தக் குழந்தைகளின் ஆய்வகத்துக்குப் போனதா? போகவில்லை என்றால் ஏன் போகவில்லை? நிதி அமைச்சர் சொல்ல வேண்டும். அறக்கட்டளைகளும் நன்கொடையாளர்களும் பெற்றோர் சங்கங்களும் உண்டியல் குலுக்கி நடத்துகிற வேலையை அரசு தன் சாதனைப் பட்டியலில் எழுதிக்கொள்ளக் கூடாது.

நாட்டில் ஆண்டுதோறும் எத்தனைக் குழந்தைகளுக்குப் புற்றுநோய் வருகிறது? ஐம்பதாயிரத்துக்கும் மேல் என்பது மதிப்பீடு. எண்ணிக்கை அன்று. மருத்துவமனை வாசலுக்கே வராமல் போகும் குழந்தைகளை எவரும் எண்ணவில்லை. தமிழ்நாட்டுக்கு இந்தச் சாக்கும் கிடையாது. சென்னையில் 1980-களிலிருந்தே புற்றுநோய்ப் பதிவேடு உண்டு. 2012 முதல் மாநிலம் முழுமைக்கும் உண்டு. பதிவேடு வைத்திருக்கும் மாநிலம், அதில் உள்ள குழந்தைகளில் எத்தனை பேர் ஐந்தாண்டு கழித்து உயிரோடு இருக்கிறார்கள் என்பதை மாவட்ட வாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். கசப்பாக இருந்தாலும் வெளியிட வேண்டும்.

விழிப்புணர்வு என்ற சொல்லை அதிகாரிகள் விரும்புகிறார்கள். செலவில்லாத சொல். செப்டம்பர் வந்தால் கட்டடங்களுக்குப் பொன்னிற விளக்கு. பிப்ரவரி 15 வந்தால் பலூன், சான்றிதழ், புகைப்படம். விழிப்பு வர வேண்டிய இடம் ஆரம்ப சுகாதார நிலையம். வாரக்கணக்கில் காய்ச்சல், வெளிறிய முகம், காரணமின்றிக் கன்றிப்போகும் தோல், கால் வலியால் நடக்க மறுக்கும் பிள்ளை. இவற்றைக் கண்டதும் ஓர் இரத்தப் பரிசோதனை போதும் முதல் சந்தேகத்துக்கு. அதற்குப் பதில் ஸ்டீராய்டு எழுதுகிறார்கள். ஸ்டீராய்டு நோயைச் சில வாரம் மறைத்துவிடும். கழுத்துக் கட்டியைத் திசுப் பரிசோதனை இல்லாமலே காசநோய் என்று முடிவுகட்டுகிறார்கள். மாதங்கள் போய்விடுகின்றன. கண்மணியில் பூனைக்கண் போல வெள்ளை மின்னினால் அது விழித்திரைப் புற்றாக இருக்கலாம். டார்ச் வெளிச்சத்தில் பார்த்தாலே தெரியும்.

டார்ச்சோடு போகும் குழுவும் இருக்கிறது. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் போய்க் குழந்தைகளைப் பார்க்கின்றன. 30 குறைபாடுகளும் நோய்களும் கொண்ட பட்டியலோடு அத்திட்டம் தொடங்கியது. சொத்தைப் பல் இருந்தது. சொறி சிரங்கு இருந்தது. புற்றுநோய் இல்லை. குழந்தை முன்னால் நிற்கிறது, மருத்துவர் எதிரில் இருக்கிறார், பட்டியல் கண்ணை மறைக்கிறது. இதைத் திருத்த நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. ஒரு சுற்றறிக்கை போதும். அந்தச் சுற்றறிக்கையில் கையெழுத்திட வேண்டிய அதிகாரி இத்தனை ஆண்டுகளாக என்ன செய்துகொண்டிருந்தார்?

பதில் சொல்ல வேண்டியவர்களை மக்கள் தேடி அலைய வேண்டியதில்லை. மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு. உரிமம் வழங்கிய மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைகள். ஒப்பந்தப்புள்ளியில் குறைந்த விலையை மட்டும் பார்த்து ஆணை வழங்கிய கொள்முதல் அமைப்புகள். ஒன்றிய சுகாதார ஆராய்ச்சித் துறை. இவர்களில் ஒருவரைக் காட்டி இன்னொருவர் நழுவும் விளையாட்டு இனி வேண்டாம்.

சந்தையில் உள்ள ஒவ்வோர் அஸ்பாரஜினேஸ் தயாரிப்பையும் தற்சார்பான ஆய்வகத்தில் சோதித்து, நிறுவனத்தின் பெயரோடும் தொகுதி எண்ணோடும் முடிவை வெளியிட வேண்டும். அரசு மருத்துவமனைக்கு வாங்கும் ஒவ்வொரு தொகுதிக்கும் வீரியச் சோதனை கொள்முதல் நிபந்தனையாக வேண்டும். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துக் கொள்முதலில் நாட்டுக்கு முன்மாதிரி என்று பெயர் எடுத்தது. முன்மாதிரியாக இதிலும் முதல் அடி வைக்கட்டும். குழந்தையின் இரத்தத்தில் மருந்து அளவைப் பார்க்கும் சோதனை காப்பீட்டுத் திட்டத்துக்குள் வர வேண்டும். வரும் நிதிநிலை அறிக்கையில் குழந்தைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்குத் தனித் தலைப்பும், தலைப்புக்கு எதிரே தொகையும் இருக்க வேண்டும்.

இன்னொன்று. 2020-இல் வெளிவந்த ஆய்வு தரம் தவறியவை எனக் கண்ட மருந்துகள் எத்தனைக் குழந்தைகளுக்குப் போடப்பட்டன, அவர்களில் எத்தனை பேருக்கு நோய் திரும்பியது, எத்தனை பெற்றோரிடம் அரசு இதைச் சொன்னது? இந்த மூன்று கேள்விக்கும் ஒன்றிய சுகாதார அமைச்சர் நாடாளுமன்றத்தில் எழுத்துமூலம் பதில் தர வேண்டும். அடுத்த கூட்டத்தொடரிலேயே தர வேண்டும்.