சரம் சரமாய்த் தொங்கும் ஹெட்செட்டும் நம் கடைப் பெயரும்

பருப்பும் புளியும் வத்தலும் விற்கிறவன், காதில் மாட்டும் கருவியைப் பற்றி எழுத வந்துவிட்டானே என்று அன்பர்கள் சிலர் சிரிக்கக்கூடும். சிரிப்பதற்கு முன்னால் தங்கள் கடை வாசலை ஒரு தடவை நிமிர்ந்து பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஷாம்புச் சரத்துக்கும் ஊறுகாய்ச் சரத்துக்கும் நடுவில் என்ன தொங்குகிறது? விளாத்திகுளம் பஜாரில் மட்டுமல்ல, புதூர், நாகலாபுரம், சூரங்குடி, வேம்பார் என்று நான் சரக்கு அனுப்பும் ஊர்களில் எல்லாம் மளிகைக் கடை வாசலில் ஹெட்செட் தொங்குகிறது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையம் மலிவானது. 2020ல் கொரோனாவால் பள்ளிக்கூடம் போனுக்குள் வந்தது. அதற்குப் பிறகு ஹெட்செட் என்பது தீப்பெட்டி, பேட்டரி செல் போல வீட்டுச் சாமான் ஆகிவிட்டது. ஆகவே அது நம் சரக்கு. நம் சரக்கைப் பற்றி நாம் தெரிந்துகொள்வதில் தவறில்லை.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் வெளியூர் மொத்த வியாபாரி ஒருவரிடம் இருபது டஜன் ஹெட்செட் எடுத்தேன். பில் கேட்டேன், பில் இல்லாத விலை இது என்றார். அட்டையில் கம்பெனி முகவரி இல்லை. பெரிய கம்பெனி ஒன்றின் பெயரை ஓர் எழுத்து மட்டும் மாற்றி அச்சடித்திருந்தது. விலை குறைவு என்பதைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கவில்லை. சில்லறைக் கடைகளுக்குப் பிரித்துக் கொடுத்தேன். ஒரே மாதத்தில் போய்விட்டது.

அடுத்த மாதம், கிராமத்தில் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் பதினொரு பீஸைப் பையில் போட்டுத் திருப்பிக் கொண்டுவந்தார். சிலவற்றில் ஒரு பக்கம் பாடவில்லை. சிலவற்றில் வயர் அறுந்திருந்தது. அதற்காக அவர் வருத்தப்படவில்லை. அரசுத் தேர்வுக்குப் படிக்கும் பெண் பிள்ளை ஒன்று அவர் கடையில் ஒன்று வாங்கித் தினமும் நாலு மணி நேரம் போனில் பாடம் கேட்டிருக்கிறது. முனைப் பிளாஸ்டிக் கரகரப்பாக இருந்ததால் காதுத் துவாரத்தின் ஓரம் புண்ணாகிவிட்டது. பிள்ளையின் தகப்பனார் அந்தக் கடையில் மாத மளிகை எடுக்கிறவர். சண்டை போடவில்லை. பேசாமல் பற்றை முடித்துக்கொண்டு எதிர்க் கடைக்குப் போய்விட்டார்.

"அண்ணாச்சி, இருபது ரூபா லாபத்துக்கு மூவாயிரம் ரூபா மளிகை போச்சு" என்றார் தம்பி. சரக்கைத் திருப்பி எடுத்துப் பணத்தைக் கொடுத்தேன். போன மளிகையை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

அதன் பிறகுதான் இதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தோன்றியது. பஜாரில் டி.வி. ரிப்பேர் பார்க்கும் நண்பர் ஒன்றைப் பிரித்துக் காட்டினார். உள்ளே சிறிய காந்தம். அதைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பிச் சுருள். அதன் மேல் உறுமித் தோல் போல ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தகடு. அவ்வளவுதான். கம்பியில் மின்சாரம் ஏறி இறங்கும்போது தகடு அதிர்ந்து காற்றைத் தள்ளுகிறது, அதுதான் பாட்டு. ஐந்நூறு ரூபாய்ச் சரக்கிலும் இதே அமைப்பு, ஐம்பது ரூபாய்ச் சரக்கிலும் இதே அமைப்பு. தகட்டின் தரத்திலும் கூட்டின் செய்நேர்த்தியிலும் வித்தியாசம் உண்டு என்றாலும், நம் கடைக்கு வரும் புகார்களில் பெரும்பகுதிக்குக் காரணம் அவை அல்ல என்றார் நண்பர். அவர் சொன்ன இரண்டு காரணங்களை நானும் பிறகு சோதித்துப் பார்த்து ஒப்புக்கொண்டேன்.

ஒன்று, காதில் பொருந்துவது. காதுக்குள் அடைக்கும் வகை ஹெட்செட்டில் ரப்பர் முனை துவாரத்தை இடைவெளி இல்லாமல் மூட வேண்டும். ஓரத்தில் காற்றுப் போனால் கனமான ஒலி முழுவதும் ஓடிவிடும். தவில் சத்தம் தகர டப்பா சத்தம் ஆகிவிடும். "பேஸ் இல்லை, மட்டமான சரக்கு" என்று திரும்ப வருகிறவர்களில் பலருக்குச் சரக்கு மட்டமில்லை. ரப்பர் அளவுதான் தப்பு. நல்ல கம்பெனிக்காரர்கள் சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று ஜோடி ரப்பர் பொட்டலத்துக்குள் வைக்கிறார்கள். வாங்குகிறவர் அதைக் குப்பையில் போட்டுவிடுகிறார், நாமும் சொல்வதில்லை. இரண்டு காதும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. இடத்துக்கு நடுத்தரமும் வலத்துக்குச் சிறியதும் போட வேண்டியவர்கள் உண்டு. அட்டையில் 10 மி.மீ., 13 மி.மீ. என்று தகட்டின் அளவைப் பெரிதாக அச்சடிக்கிறார்கள். நன்றாகப் பொருந்திய 6 மி.மீ., லொடலொடவென்று நிற்கும் 13 மி.மீட்டரைவிடக் கனமாகப் பாடுவதை நானே கேட்டேன். எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள்.

இது ஒலியோடு நிற்கிற விஷயமும் அல்ல. பொருந்தாத ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு பஸ்ஸில் போகிறவன் இரைச்சலை மீறிக் கேட்க சத்தத்தைக் கூட்டுவான். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு இது: 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம், 90 டெசிபல் ஆனால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். பத்து டெசிபல் கூடியதும் நாற்பது மணி நாலு மணியாகச் சுருங்குகிறது. கெட்ட செவி திரும்புவதில்லை. விளாத்திகுளம் நல்லப்ப சுவாமிகள் (1889-1965) ஒரே ராகத்தை மணிக்கணக்காகப் பாட ஊரே உட்கார்ந்து கேட்டது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அப்படிக் கேட்ட ஊர்ப் பிள்ளைகளின் காது இது.

இன்னொன்று, வயரின் கழுத்து. போனில் செருகும் ஜாக்கிலிருந்து வயர் வெளியேறும் இடமும், மைக் பொத்தானின் இரு புறமும்தான் அறுகிற இடங்கள். ஒரு பக்கம் பாடாமல் போவதற்கு இதுவே காரணம். கொள்முதல் செய்யும்போது கழுத்தை மடக்கிப் பாருங்கள். அந்த இடத்தில் நெகிழும் ரப்பர் உறை இருக்கிறதா, அல்லது கெட்டிப் பிளாஸ்டிக்கிலிருந்து வயர் நேராக வெளியே வருகிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். இன்று இந்தியாவில் பெயர் பெற்ற போட் நிறுவனம் தொடக்கத்தில் விற்றது ஹெட்செட்டை அல்ல; ஆப்பிள் போன்களுக்கான, கழுத்தில் முறியாத சார்ஜர் வயரை. வாடிக்கையாளருக்கு எங்கே வலிக்கிறது என்று பார்த்து அங்கே கை வைத்தார்கள். புத்திசாலி வியாபாரம்தான்.

வயர் இல்லாதவற்றைப் பற்றி எனக்கு அவ்வளவு அனுபவம் போதாது என்றாலும் சிலவற்றைச் சொல்லலாம். பட்ஸ் பெட்டியில் "40 மணி நேரம்" என்று போட்டிருந்தால், அது பெட்டியில் வைத்து மறுபடி மறுபடி சார்ஜ் ஏற்றுவதையும் சேர்த்த கணக்கு. ஒரே மூச்சில் அவ்வளவு நேரம் பாடாது. இதை விற்கும்போதே சொல்லிவிட்டால் மறுநாள் வாக்குவாதம் இருக்காது. உள்ளே இருக்கும் சின்ன பேட்டரியை மாற்ற வழி கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். வேலைக்குப் போகிறவர்களுக்கு நான் நெக்பேண்டைத்தான் சிபாரிசு செய்வேன். கழுத்தில் கிடக்கும், தொலையாது. வேம்பார், வைப்பாறு பக்கம் கடலிலும் உப்பளத்திலும் வேலை செய்கிறவர்கள் "தண்ணி பட்டா ஒண்ணும் ஆகாதே?" என்று கேட்கிறார்கள். அட்டையில் ஐ.பி.எக்ஸ். 4 என்று இருந்தால் தெறிக்கும் நீரைத் தாங்கும் என்றுதான் அர்த்தம். முக்கி எடுக்கலாம் என்று அர்த்தமில்லை. உப்புத் தண்ணீர் வேறு கணக்கு. சார்ஜ் முனையில் உப்பு ஏறினால் பச்சை பிடித்துவிடும். துடைத்துக் காயவைத்து சார்ஜ் போடச் சொல்லுங்கள்.

புதிய தலைவலி ஒன்று டைப்-சி ஹெட்செட். வட்ட ஜாக் துவாரம் இல்லாத போன்கள் பெருகிவிட்டதால் இது ஓடுகிறது. ஆனால் இதில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்றில் ஒலியை மாற்றித்தரும் சின்ன சிப் உள்ளேயே இருக்கும், மற்றதில் இருக்காது. சிப் இல்லாதது சில போன்களில் மட்டுமே பாடும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். எனவே வாடிக்கையாளரின் போனில் செருகிப் பாடவைத்துக் காட்டாமல் டைப்-சி சரக்கைக் கையில் கொடுக்கவே கூடாது.

சட்டப் பக்கத்தையும் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அடி நம் தலையில் விழும். 2011ஆம் வருஷத்துப் பொட்டலப் பொருள் விதிகளின்படி தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயர், முகவரி, அதிகபட்ச விலை, மாதம் வருஷம் ஆகியவை அட்டையில் இருக்க வேண்டும். வயர் இல்லாத ஹெட்செட்டுக்கு பி.ஐ.எஸ். பதிவு கட்டாயம், ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணை "பி.ஐ.எஸ். கேர்" செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம். 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 86ஆம் பிரிவு நம்மில் பலருக்குத் தெரியாது. பொருளைத் தயாரித்தவர் யார் என்றே தெரியாவிட்டால், அந்தப் பொருளால் வந்த தீங்குக்கு விற்றவன் பொறுப்பாளி ஆகலாம். முகவரி இல்லாத அட்டையை வாங்குகிறவன் தன் முகவரியை அதில் ஒட்டிக்கொள்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். போலி முத்திரைச் சரக்கு விற்றால் 1999ஆம் வருஷத்து வணிகச் சின்னச் சட்டப்படி ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம். இந்தச் சரக்குக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், பில் இல்லாமல் எடுத்தால் உள்ளீட்டு வரி வரவும் கிடையாது. ஆகப் பில் இல்லாத விலை மலிவு விலையே அல்ல.

"ஆன்லைனில் நூறு வகை, பாதி விலை, நாம் என்ன செய்ய முடியும்?" என்று சகோதரர்கள் கேட்கிறார்கள். விலையில் நாம் ஜெயிக்க முடியாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆன்லைன்காரன் காதில் மாட்டிப் பார்க்கக் கொடுக்க முடியாது. ரப்பர் மாற்றிப் போட்டுக் காட்ட முடியாது. நான் இப்போது மூன்று வகைதான் வைத்திருக்கிறேன்: வயர் உள்ளது, டைப்-சி, நெக்பேண்ட். மூன்றும் முகவரியும் பில்லும் உள்ளவை. ஒவ்வொன்றிலும் ஒரு பீஸைப் பிரித்து மாதிரியாக வைத்துவிட்டேன். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஒவ்வொரு தடவையும் துடைத்துவிட்டுத்தான் அடுத்த ஆள் காதுக்குப் போகும். மூன்று சத்தம் போட்டுக் காட்டுவேன். செய்தி வாசிப்பு: பேச்சில் 'ச' எழுத்து ஊசி மாதிரிக் குத்தக் கூடாது. நாதஸ்வரம்: கீச்சிடக் கூடாது. தவில்: வயிற்றில் இறங்க வேண்டும். கால் மணி நேரம் மாட்டியிருக்கச் சொல்வேன். மளிகைச் சீட்டைப் போட்டு முடிப்பதற்குள் கால் மணி தானாகப் போய்விடும். காது வலித்தால் வேறு ரப்பர் போடுவேன்; அதற்கும் வலித்தால் காது மடலில் மட்டும் நிற்கிற பழைய வகையை வாங்கச் சொல்லி அனுப்புவேன், அது என்னிடம் இல்லாவிட்டாலும்.

ஒரு பீஸை மாதிரிக்குப் பிரித்தால் லாபம் போகுமே என்பார்கள். இருபத்தைந்து பீஸுக்கு ஒன்று மாதிரிக்குப் போனால் நூற்றுக்கு நாலு. போன வருஷம் எனக்குத் திரும்பி வந்த சரக்கு அதைவிட அதிகம்.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நாலைந்து கடைகள் சேர்ந்து ஒரே பில்லில் எடுத்தால், உதிரி ரப்பர் பாக்கெட்டையும் ஆறு மாத மாற்று உத்தரவாதத்தையும் கேட்டு வாங்க முடியும். தனி ஆளாய்க் கேட்டால் ஏஜெண்டு காதில் வாங்க மாட்டார். அடுத்த கூட்டத்தில் இதைப் பொருளாக வைக்கச் செயலாளருக்கு எழுதியிருக்கிறேன்.

அந்த இருபது டஜனில் திரும்பி வந்த சரக்கு இன்னும் என் கிட்டங்கியில் சாக்குக்குள் கிடக்கிறது. பாதி விலைக்குத் தள்ளிவிடலாம் என்று ஒருவர் கேட்டார். கொடுக்கவில்லை. டி.வி. நண்பர் அதிலிருந்து செம்புக் கம்பியும் காந்தமும் எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டேன்.