மூத்திரம் பிடிக்கிற கை

மூத்திரம் என்றுதான் எழுதப் போகிறேன். சிறுநீர் என்று எழுதினால் டாக்டருக்கு மரியாதை, பத்திரிகைக்கு மரியாதை. என் தொடையில் கட்டியிருக்கிற பிளாஸ்டிக் பையில் ராவும் பகலும் சொட்டுவது மூத்திரம். சாரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு போய் ஒன்பது வருசமாகிறது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. முட்டுதா, வருதா, ஒன்னும் தெரியாது. டியூப் போட்டால்தான் போகும்.

இரும்புலியூரில் எங்க வீட்டுக்கு வருகிற படித்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொல்லிவிட்டுப் போகிறார்கள்: "சுத்தமா இருந்தா இன்பெக்சன் வராதுப்பா." காய்ச்சல் வந்து குளிர் தூக்கித் தூக்கிப் போடும்போதும் இதேதான். அதாவது நோய் வந்தது என் அழுக்கால், என் தெருவால், என் சனத்தால். இந்தப் பேச்சோடுதான் எனக்குச் சண்டை.

டியூப் உள்ளே இருக்கிற ஒவ்வொரு நாளும் கிருமி குடியேறுகிற வாய்ப்பு நூற்றுக்கு 3லிருந்து 7 வரை என்று மருத்துவ நூல்களே சொல்கின்றன. ஒரு மாசம் தாண்டினால் ஏறக்குறைய எல்லார் மூத்திரத்திலும் கிருமி இருக்கும். மூணு வேளை குளித்து மடி உடுத்துகிறவர் மூத்திரத்திலும் இருக்கும். கிருமி இருப்பது வேறு, அது ரத்தத்தில் ஏறிக் காய்ச்சலாவது வேறு. டியூப் மடங்கி அடைத்துக்கொண்டாலோ, பை சிறுநீர்ப்பைக்கு மேலே தூக்கப்பட்டு மூத்திரம் திரும்பி ஓடினாலோ, பையைக் காலி பண்ணுகிற கை கழுவாத கையாக இருந்தாலோ அது நடக்கிறது. முக்கியமானது அந்தக் கைதான்.

நான் மூணு மாசம் கிடந்த ஒரு ஆஸ்பத்திரியில் எட்டுப் படுக்கைக்கு ஒரே மக்கு. ஒருத்தன் மூத்திரத்தைப் பிடித்த மக்கிலேயே அடுத்தவனுக்கும் பிடிப்பார்கள். பிடித்தது ஒரு ஆயாம்மா, ஒப்பந்தக் கூலி. அவங்களும் நம்ம சனம்தான். "யக்கா, கைய கழுவிட்டுப் புடிக்கா" என்றேன். "எத்தினி தபா தம்பி கழுவுறது, கொழாயில தண்ணி வந்தாதானே" என்றாங்க. கையுறை கொடுக்கவில்லை. ஒரு மக்கில் ஏன் எட்டுப் பேருக்குப் பிடிக்கக் கூடாது என்று அவங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நர்சம்மா பையைத் தொடமாட்டாங்க. பெரிய டாக்டர் வருவார், என்னைத் தொட்டுப் பார்ப்பார், பிறகு போய் நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவுவார். தொடுவதற்கு முன்னால் கழுவி நான் பார்த்ததில்லை.

இங்கேதான் தீட்டு வேலை செய்கிறது. தீட்டுப் பார்க்கிறவன் தொட்ட பிறகு கழுவுவான், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள. கிருமியை அறிந்தவன் தொடுவதற்கு முன்னாலும் கழுவுவான், எதிரே கிடக்கிறவனைக் காப்பாற்ற. நம்ம நாட்டுச் சுத்தம் முதல் வகை. மூத்திரம் பிடிப்பது கேவலமான வேலை, ஆகவே அதைக் கடைசிக் கூலிக்காரிகிட்ட தள்ளு, அவளுக்குப் படிப்பும் வேண்டாம் கையுறையும் வேண்டாம். தொற்று எங்கே பரவுமோ சரியாக அந்த இடத்தில் சாதி தன் கைவரிசையைக் காட்டுகிறது.

வெளியே நடந்ததைப் பாருங்கள். முதல் உலகப் போரில் முதுகுத்தண்டு அடிபட்ட சிப்பாய்களில் பெரும்பாலோர் மூத்திரத் தொற்றாலும் படுக்கைப் புண்ணாலும் செத்தார்கள். அதை மாற்றியவர்களில் முக்கியமானவர் லுட்விக் குட்மன். யூதர் என்பதற்காக ஜெர்மனியில் ஆரிய ஆஸ்பத்திரிகளிலிருந்து விலக்கப்பட்டவர், 1939இல் இங்கிலாந்துக்குத் தப்பி வந்தவர். 1944இல் ஸ்டோக் மேண்டவில்லில் தண்டுவடப் பிரிவைத் தொடங்கினார். அங்கே டியூப் போடுவதை ஆயா தலையில் கட்டவில்லை, டாக்டர்களே செய்தார்கள். 1972இல் அமெரிக்காவில் மிச்சிகனைச் சேர்ந்த ஜாக் லாபிடஸ் இன்னும் ஒரு படி போனார். டியூப்பை உள்ளேயே விட்டுவைக்காதே, சில மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியே சோப்புப் போட்டுக் கழுவிய கையால் போட்டு எடுக்கட்டும், கொதிக்கவைத்த சுத்தமெல்லாம் தேவையில்லை, சிறுநீர்ப்பை உப்பிக் கிடப்பதுதான் பெரிய கேடு என்று காட்டினார்.

நல்ல வழிதான். ஆனால் அதற்குத் தண்ணீர் வேண்டும், கதவு உள்ள ஒரு இடம் வேண்டும். எங்க வீடு ஒரே ரூம், ஆறு பேர். நாளைக்கு ஐந்தாறு தடவை நான் கதவைச் சாத்தினால் மற்ற அஞ்சு பேரும் தெருவில் நிற்கணும். தண்ணி லாரி என்றைக்கு வருமோ அன்றைக்குத்தான் குடத்தில் தண்ணி. ஆகவே டியூப் உள்ளேயே கிடக்கிறது. இதில் என் அழுக்கு எங்கே இருக்கிறது?

காய்ச்சல் வந்தால் மருந்துக் கடையில் நாலு மாத்திரை. மூத்திரத்தைக் கல்ச்சருக்குக் கொடுத்துப் பார்க்க ஒரு நாள் கூலி போதாது. எந்த மருந்துக்கும் மசியாத கிருமி உண்டாவது இப்படியும்தான். 2010இல் லான்செட் இன்பெக்சியஸ் டிசீசஸ் இதழில் என்.டி.எம்-1 பற்றி ஒரு கட்டுரை வந்தது. சென்னையில் எடுத்த கிருமிகளும் அதில் இருந்தன, முதல் ஆசிரியரே சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர். அப்போது தில்லியில் எழுந்த கூச்சல் என்ன? கிருமிக்கு நியூ டெல்லி என்று எப்படிப் பேர் வைக்கலாம் என்பது. பேருக்குத் தீட்டுப் பட்டுவிட்டதாம்!

நம்ம தோழர்களையும் கேட்கிறேன். மலக்குழிச் சாவுக்கு ரோட்டில் உட்காருகிறோம், உட்காரத்தான் வேண்டும். வார்டில் மூத்திரம் பிடிக்கிற அந்த அக்காவுக்காக எத்தனை தடவை உட்கார்ந்தோம்? 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கினார்கள். பிரசர் மாத்திரையும் சுகர் மாத்திரையும் வாசலுக்கே வந்தன, சிறுநீரகம் போனவர்களுக்கு வயிற்று வழி டயாலிசிஸ் பையும் கொடுத்தார்கள். டியூப்பையும் யூரின் பேக்கையும் அதே மாதிரி மாசா மாசம் கொடுக்கட்டும், மாற்றத் தெரிந்த நர்சையும் அனுப்பட்டும். வார்டில் படுக்கைக்கு ஒரு மக்கு வைக்கட்டும். பிடிக்கிறவங்களை நிரந்தரமாக்கி, கையுறை கொடுத்து, பயிற்சி கொடுத்து, அந்தப் பயிற்சிக்கேற்ற சம்பளத்தையும் கொடுக்கட்டும்.