நெல்வயலில் கிடைத்த பாடம்

விபத்துக்குப் பிறகு கறுப்புப் பெட்டியைத் தேடுவது பழைய பழக்கம். விபத்து நடக்காத நாளிலும் அதன் பதிவுகளைப் படிப்பதுதான் பாதுகாப்பு.

1993 நவம்பர் 15. சென்னையிலிருந்து ஐதராபாத்துக்குப் புறப்பட்ட இந்தியன் ஏர்லைன்ஸின் ஏர்பஸ் ஏ-300 விமானம் ஐதராபாத்திலும் இறங்கவில்லை. சென்னைக்கும் வந்து சேரவில்லை. திருப்பதிக்கு அருகே ஒரு நெல்வயலில் இறங்கியது. உள்ளே 250 பயணிகள், 12 ஊழியர்கள். ஒருவர்கூட இறக்கவில்லை. ஏழுமலையானின் பக்தர்களுக்கு இதற்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது. விமானத் துறைக்குத் தேவைப்பட்டது.

நடந்தது இதுதான். ஐதராபாத்தில் ஓடுபாதை சரியாகத் தெரியாத அளவுக்கு மூட்டம். இறங்கும் முயற்சியைக் கைவிட்டு விமானம் மீண்டும் மேலெழுந்தது. அப்போது இறக்கைகளின் பின்விளிம்பில் இருக்கும் ஃப்ளாப்புகள் உள்ளே மடங்க மறுத்தன. குறைந்த வேகத்தில் தரையிறங்கும்போது விமானத்தைத் தாங்கிப் பிடிப்பவை இவை. இறங்குவதற்கு வரம், தூரப் பயணத்துக்குச் சாபம். காற்றை மறித்துக்கொண்டு நிற்கும் ஃப்ளாப்புகளுடன் வேகமாகப் பறக்க முடியாது. எரிபொருளோ மளமளவென்று கரையும். சாதாரணமாகச் சென்னை திரும்பப் போதுமான எரிபொருள் அன்று போதவில்லை. வழியிலேயே தீர்ந்துவிட்டது.

ஃப்ளாப் எந்த நொடியில் சிக்கியது? அப்போது வேகம் என்ன, உயரம் என்ன? விமானிகள் என்ன பேசிக்கொண்டார்கள்? இப்படிப்பட்ட கேள்விகளுக்கு விமானிகள் உயிரோடு இருந்தாலும் முழு விடை கிடைக்காது. ஆபத்து நேரத்தில் மனித நினைவு தடுமாறும். பதிவுக் கருவிக்குப் பயம் கிடையாது. அதனால்தான் விமானத்தின் இயக்கத்தைக் குறித்துக்கொள்ள ஒன்று, விமானி அறையின் பேச்சைப் பதிவு செய்ய ஒன்று என்று இரண்டு கருவிகள் வைக்கப்படுகின்றன. பெயர்தான் கறுப்புப் பெட்டி. நிறம், இடிபாடுகளுக்கிடையே கண்ணில் படுவதற்காகப் பளீரென்ற ஆரஞ்சு.

இதன் பிறப்பில் இந்தியாவுக்கும் ஒரு சோகமான பங்கு உண்டு. 1953 மே 2 அன்று கல்கத்தா அருகே காமெட் ஜெட் விமானம் ஒன்று நடுவானில் சிதறி 43 பேர் பலியானார்கள். அந்த ஆண்டுகளில் அடுத்தடுத்து நேர்ந்த காமெட் விபத்துகளுக்குக் காரணம் புரியாமல் நிபுணர்கள் திணறியபோது, ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டேவிட் வாரன் என்ற வேதியியலாளருக்கு ஒரு யோசனை தோன்றியது. விமானிகளின் கடைசிப் பேச்சு பதிவாகியிருந்தால்? 1934இல் தன் தந்தையையே விமான விபத்தில் பறிகொடுத்தவர் அவர். ஆரம்பத்தில் யாரும் அவரது யோசனையைப் பெரிதாக மதிக்கவில்லை. இன்று அது இல்லாமல் பயணிகள் ஜெட் விமானம் கிளம்ப முடியாது.

உலோகத் தகட்டில் நாலைந்து கோடுகளைக் கீறுவதில் தொடங்கி, காந்த நாடாவைக் கடந்து, இப்போது நினைவகச் சில்லுகளுக்கு வந்திருக்கிறது இந்தத் தொழில்நுட்பம். புவியீர்ப்பைப் போல் 3,400 மடங்கு விசையுடன் மோதினாலும், 1,100 டிகிரி செல்சியஸ் நெருப்பில் ஒரு மணி நேரம் கிடந்தாலும் உள்ளிருக்கும் பதிவு தப்ப வேண்டும் என்பது விதி.

இந்தியா இந்தப் பாடங்களுக்குப் பெரும் விலை கொடுத்திருக்கிறது. 1985இல் அயர்லாந்து அருகே கனிஷ்கா விமானம் வெடித்து 329 பேர் மாண்டபோது, அட்லாண்டிக்கின் அடியில் சுமார் 2 கிலோமீட்டர் ஆழத்திலிருந்து பெட்டிகள் மீட்கப்பட்டன. 1996 நவம்பர் 12 அன்று சர்க்கி தாத்ரியில் இரு விமானங்கள் வானில் மோதி 349 பேர் இறந்தார்கள். மோதலை முன்கூட்டியே எச்சரிக்கும் கருவி இந்திய வானில் கட்டாயமானது அதற்குப் பிறகுதான். 2025 ஜூன் 12 அன்று ஆமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்து 260 உயிர்கள் போயின. அதன் பின்பகுதியில் இருந்த கருவி கடுமையாகச் சேதமடைந்திருந்தது. முன்பகுதிக் கருவியின் பதிவுகள் தில்லியில் உள்ள விமான விபத்துப் புலனாய்வு அமைப்பின் ஆய்வுக்கூடத்திலேயே எடுக்கப்பட்டன. சர்க்கி தாத்ரி பெட்டிகளைப் படிக்க வெளிநாடு போக வேண்டியிருந்தது. அந்த வகையில் இது முன்னேற்றம்தான்.

ஆனால் பெட்டி எவ்வளவு உறுதியானது, எங்கே படிக்கப்படுகிறது என்பது மட்டும் போதாது. எப்போது படிக்கப்படுகிறது என்பதுதான் முக்கியம். இன்றைய விமானங்களின் பதிவுகளைத் தினசரி எடுத்துப் படிக்கத் தனிக் கருவி உண்டு. எந்த விமானம் அளவுக்கு மீறிய வேகத்தில் இறங்கியது, எது தரையில் பலமாக மோதி இறங்கியது என்பதையெல்லாம் கணினி சலித்துத் தந்துவிடும். இந்தப் பதிவுகளைத் தொடர்ந்து ஆராய வேண்டும் என்று விமான நிறுவனங்களுக்கு விதியும் இருக்கிறது.

இங்கே ஒரு சிக்கல். பதிவு தண்டிப்பதற்கான ஆயுதமாகிவிட்டால், விமானி தன் தவறைத் தானாக முன்வந்து சொல்ல மாட்டார். சொல்லாத தவறு இன்னொரு விமானி அறையில் திரும்ப நடக்கும். இப்படிச் சேகரிக்கும் தகவல் பாதுகாப்புக்கே பயன்பட வேண்டும், பழிவாங்க அல்ல என்று சர்வதேச விதிகள் சொல்வதன் காரணம் இதுதான். விதியை ஏட்டில் வைப்பது எளிது. நிர்வாக அறையில் கடைப்பிடிப்பது கடினம்.

1993இல் சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருப்பதி, 2022இல் தனி மாவட்டமாகிவிட்டது. ரேணிகுண்டா விமான நிலையத்துக்கு இன்றும் பக்தர்கள் பறந்து வந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களை ஏற்றி வரும் விமானிகளுக்கு அந்த நெல்வயல் ஒன்றைக் கற்றுக் கொடுத்திருக்கிறது: ஃப்ளாப் மடங்காத விமானத்துக்கு எரிபொருள் கணக்கே வேறு. மற்ற விபத்துகளில் நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொடுத்து வாங்கிய பாடம், அங்கே ஓர் உயிரும் போகாமல் கிடைத்தது. அப்படி இலவசமாகக் கிடைக்கும் பாடங்கள் ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒரு விமானத்தில் பதிவாகிக்கொண்டிருக்கின்றன. படிக்க ஆள் வேண்டும்.