எங்கள் விடுதிக்கும் ஒரு காதல் கதை



வன்னியின் கனகராயன்குளத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருப்பதால் போடவில்லை. ஓ.எல். எடுக்க இருக்கும் மகள் இரவிரவாகப் போனில் ஆங்கிலக் கதை வாசிக்கிறாளாம். பணக்காரப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் தனியார் பள்ளிக்கூடம், அங்கே வந்து சேரும் ஓர் ஏழைப் பெண், தலைக்கனம் பிடித்த ஒரு பெடியன், பிறகு காதல். ஒன்று முடிய அதே மாதிரி இன்னொன்று. போனைப் பறித்து வைப்பதா, விட்டுவிடுவதா என்று கேட்கிறார்.

பறிக்க வேண்டாம் அம்மா. சோதனைக்குக் கிட்டவென்றால் நித்திரை நேரத்தை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். மற்றபடி அவள் கையிலுள்ள கதை நீங்கள் பயப்படும் அளவுக்கு எங்களுக்குத் தூரமானதில்லை.

மூன்று நாவல்களை எடுத்துக்கொள்கிறேன். ஜெர்மன் எழுத்தாளர் மோனா காஸ்டன் 2018இல் எழுதி, 2024இல் 'மாக்ஸ்டன் ஹால்' என்று தொடராகி உலகமெங்கும் பார்க்கப்பட்ட 'சேவ் மீ'. அமெரிக்காவில் கேட் பிரையன் 2006இல் தொடங்கிய 'பிரைவேட்' வரிசை. அதற்கு ஒரு வருடம் முந்திய, இரண்டையும்விடக் கனதியான, கர்ட்டிஸ் சிட்டன்ஃபெல்டின் 'ப்ரெப்'. மூன்றிலும் கதாநாயகி புலமைப்பரிசிலில் உள்ளே வந்தவள். பணக்காரரின் பள்ளிக்கூடத்தைப் பற்றிய கதைதான், ஆனால் அதைப் பார்க்கும் கண் காசில்லாத பிள்ளையின் கண். உடுப்புக்கும் பேச்சுக்கும் வெட்கப்படுவதும், வீட்டு நிலைமையை மறைப்பதும், எந்த மேசையில் போய் இருப்பது என்று தெரியாமல் சாப்பாட்டுத் தட்டோடு நிற்பதும் அவள்தான்.

புலமைப்பரிசில் என்றால் என்னவென்று வன்னிப் பிள்ளைக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. கன்னங்கர கல்வி அமைச்சராக இருந்த 1940களில் மத்திய கல்லூரிகளும் அவற்றோடு விடுதிகளும் எழுந்ததே கிராமத்துக் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்காகத்தான். இன்றைக்கும் ஐந்தாம் ஆண்டுச் சோதனையில் நல்ல புள்ளி எடுத்த பிள்ளை தகரப் பெட்டியும் தலையணையுமாக ஏ9 வீதியில் பஸ் ஏறி வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போகிறது. பத்து வயதில் வீட்டை விட்டுப் போகிற அந்தப் பிள்ளை, பதினைந்து வயதாகும்போது யாரை நினைத்து விழித்துக் கிடக்கும் என்று நாங்கள் கேட்பதில்லை. எத்தனை 'ஏ' என்றுதான் கேட்கிறோம்.

இந்தக் கதைகள் ஏன் அநேகமாக விடுதியில் நடக்கின்றன என்பதை ஏ.எல். தமிழுக்கு அகப்பாடல் படித்தவர்கள் சட்டென்று பிடித்துவிடுவார்கள். காதலுக்குக் காவல் வேண்டும், காவலை ஏய்க்க ஒரு துணை வேண்டும், ஊர்வாயும் வேண்டும். சங்கக் கவிதையில் செவிலியும் தோழியும் அலரும் செய்த வேலையை இங்கே வோடனும் அறைத்தோழியும் சாப்பாட்டுக்கூடத்து வம்பும் செய்கின்றன. பெற்றோர் கதைக்கு வெளியே நிற்கிறார்கள். பிள்ளை முதல் தடவையாகத் தன்பாட்டில் ஒரு முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. பதினைந்து வயது வாசகியை இழுப்பது பெரும்பாலும் அந்த முடிவுதான், முத்தம் அதற்குப் பிறகு.

இன்னும் பின்னால் போனால் இந்த வகைக் கதையின் வேரே ஏழைப் பள்ளியில்தான் இருக்கிறது. சார்லட் பிரான்டே 1824இல், எட்டு வயதில், கவன் பிரிட்ஜ் என்ற இடத்திலிருந்த விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். வருமானம் குறைந்த பாதிரிமாரின் பெண்பிள்ளைகளுக்கான பள்ளி அது. குளிர், மோசமான சாப்பாடு, நோய். அங்கிருந்து சுகமில்லாமல் வீடு திரும்பிய மூத்த சகோதரிகள் இருவரும் அடுத்த வருடமே இறந்தார்கள். அந்தப் பள்ளிதான் 1847இல் வந்த 'ஜேன் அயர்' நாவலில் லோவூட் ஆகிறது. ஜேனுக்குக் காதல் வருவது லோவூட்டை விட்டுப் போன பிறகு. ஆனால் எசமானுக்கு முன்னால் தலை நிமிர்ந்து பதில் சொல்லும் அந்தத் திமிரை அவள் லோவூட்டின் கருகிய கஞ்சியிலிருந்துதான் கொண்டு போகிறாள். இன்றைக்குப் போனில் வாசிக்கப்படும் புலமைப்பரிசில் பெண்கள் எல்லோரும் அவளுடைய பேத்திகள்.

அதே 1824இல் இங்கே யாழ்ப்பாணத்து உடுவிலில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹரியட் வின்ஸ்லோ பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி தொடங்கினார். பெண்ணைப் படிக்க வைப்பதே புதினம், வீட்டுக்கு வெளியே தங்கிப் படிக்க வைப்பது அதைவிடப் புதினம். உடுவிலில் படித்த பெண்ணுக்கு வட்டுக்கோட்டைச் செமினறியில் படித்த மாப்பிள்ளை என்பது மிஷன்காரரின் கணக்கு, சீதனம்கூட மிஷன் கொடுத்தது. அந்தக் கணக்குக்குள் எத்தனை பெண்கள் தாங்களாக ஒருவனை விரும்பினார்கள், எத்தனை பேர் விருப்பமில்லாமல் தலையாட்டினார்கள்? அறிக்கைகளில் இருப்பது எண்ணிக்கை. மனதைச் சொல்ல நாவல் தேவைப்பட்டது. யாழ்ப்பாணப் பெண் ஒருத்தியின் மணவாழ்வுத் துயரை மங்களநாயகம் தம்பையா 'நொறுங்குண்ட இருதயம்' என்று எழுதியது 1914இல்.

அந்த மிஷன் விடுதிகளில் இன்னொரு வழக்கமும் இருந்தது. ஒரு பிள்ளையின் செலவை அமெரிக்காவிலுள்ள ஒருவர் ஏற்றுக்கொண்டால் அவர் சொன்ன பெயரே பிள்ளைக்கு வைக்கப்படும். ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை என்ற பெயர்களின் முன்பாதி அந்த வழக்கத்தின் மிச்சம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஜீன் வெப்ஸ்டர் 1912இல் எழுதிய 'டாடி லோங் லெக்ஸ்' ஞாபகம் வரும். அநாதை இல்லத்தில் வளர்ந்த ஜூடி என்ற பெண்ணைப் பெயர் சொல்லாத ஒரு கனவான் கல்லூரிக்கு அனுப்புகிறார். நிபந்தனை ஒன்றுதான்: மாதம் ஒரு கடிதம் அவள் எழுத வேண்டும், பதில் வராது. தொடக்க அத்தியாயம் தவிர நாவல் முழுக்க அந்தக் கடிதங்கள்தான். முடிவைச் சொல்லி உங்கள் சுவையைக் கெடுக்க விரும்பவில்லை. கனவான் யாரென்று தெரியவந்தபோது எனக்குச் சந்தோசம் பாதி, கோபம் பாதி.

வன்னியில் எத்தனை ஜூடிகள்! போருக்குப் பிறகு சிறுவர் இல்லங்களில் இருந்து படித்த பிள்ளைகள், கனடாவிலோ சுவிஸிலோ உள்ள முகம் தெரியாத ஒருவருக்கு, 'உங்கள் உதவியால் நன்றாகப் படிக்கிறேன்' என்று கடிதம் எழுதியவர்கள். அந்தக் கடிதத்தில் அவர்கள் எழுதாமல் விட்டதெல்லாம் நாவல். குளிப்பதற்குக் கிணற்றடியில் வரிசையில் நின்றது, ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் பார்க்க ஆள் வர, தனக்கு வராமல் போனது, ரியூசனுக்குப் போகும் வழியில் சைக்கிளை மெதுவாக்கிய பெடியன், அதைக் கண்டுபிடித்துச் சத்தம் போடாமல் சிரித்த ரீச்சர்.

கடிதம் எழுதிய தாய்க்கு இப்போது முப்பத்தைந்து வயது இருக்கலாம். அவருடைய பதின்ம வயது எப்படிப் போயிருக்கும் என்று எனக்குச் சொல்லத் தேவையில்லை. இறுதிப் போர்க் காலத்தில், பிள்ளையைப் படைக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்ற பயத்தில், பதினாறு பதினேழில் அவசர அவசரமாகத் தாலி கட்டி வைத்த குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் கொஞ்சநஞ்சமல்ல. அந்தத் தலைமுறைப் பெண்கள் பலருக்குக் காதலிக்கிற வயது வரவே இல்லை, பங்கருக்கும் கலியாணத்துக்கும் நடுவில் அது காணாமல் போனது. அவர்களுடைய மகள்மார் இன்று கட்டிலில் கிடந்து ஒரு காதல் கதையை விடிய விடிய வாசிக்கிறார்கள் என்றால், அதைப் பார்த்து எனக்குப் பயம் வரவில்லை. நிம்மதிதான் வருகிறது.

குறை இல்லையா? இருக்கிறது. முதல் அத்தியாயத்தில் பெண்ணை அவமதிப்பவனே கடைசியில் நல்லவனாகிவிடும் சூத்திரம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. தமிழ்க் குடும்ப நாவல்களிலும் இந்தச் சூத்திரம் வாழையடி வாழையாக வருகிறது. முரட்டுத்தனத்தைப் பாசம் என்று எண்ணப் பழகிய பிள்ளை நாளைக்கு வீட்டில் அடி வாங்கினாலும் அப்படித்தான் எண்ணும். அம்மா, போனைப் பறிப்பதை விட்டு, 'அந்தப் பெடியன் அவளோட அப்பிடிக் கதைச்சது சரியோ பிள்ளை?' என்று ஒரு நாள் கேட்டுப் பாருங்கள். வாசித்ததைப் பற்றி வாய் திறக்கிற பிள்ளை மற்றதைப் பற்றியும் உங்களிடம்தான் திறக்கும்.

வன்னிக்குக் காதல் கதை புதிதல்ல. தண்ணிமுறிப்புக் காட்டுக் கிராமத்தை வைத்து அ. பாலமனோகரன் எழுதிய 'நிலக்கிளி' வீரகேசரி பிரசுரமாக 1973இல் வந்து ஊரெல்லாம் வாசிக்கப்பட்டது. ஆனால் வன்னி விடுதிக்குள் நடக்கும் இளவயதுக் கதை ஒன்று எங்கள் சஞ்சிகைக்கு இதுவரை வந்ததில்லை. அதனால் ஒரு வேண்டுகோள்.

விடுதியிலோ இல்லத்திலோ தங்கிப் படித்தவர்கள், இப்போது படிப்பவர்கள், எழுதி அனுப்புங்கள். காதல் வெல்லவும் வேண்டாம், தோற்கவும் வேண்டாம், உண்மையாக இருந்தால் போதும். கொப்பித் தாளில் கையால் எழுதினாலும் சரி. புனைபெயர் போடலாம். ஆனால் உயிரோடு இருக்கும் யாரையும் அடையாளம் காட்டும் பெயரோ பள்ளியின் பெயரோ வேண்டாம். பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் எழுத்தை நானே முதலில் வாசிப்பேன், அவர்கள் சம்மதமில்லாமல் ஒரு வரியும் அச்சேறாது. நல்லவற்றை அடுத்தடுத்த இதழ்களில் போடுவோம். கனகராயன்குளத்துத் தாய் தன் மகளிடமும் இதைச் சொல்லட்டும். ஓ.எல். முடிந்த பிறகு எழுதினால் போதும்.

அன்புடன்,
ஆசிரியர்