ஆட்கள் நிறைந்த வீடு

அண்மையில் பரிசு பெற்ற ஒரு கட்டுரைத் தொகுப்பையும், அதைக் கொண்டாடி வேறோர் இதழ் வெளியிட்ட நீண்ட பாராட்டுரையையும் அடுத்தடுத்துப் படிக்க நேர்ந்தது. இரண்டின் சாரமும் ஒன்றுதான். தனிமை மேற்கத்திய நோய். தனிமனிதவாதம் பெற்றெடுத்த பிள்ளை. கூடி வாழ்வதையே அறமாகக் கொண்ட நம் மரபு அதை அறியாது. நகரமும் தனிக்குடித்தனமும் கைப்பேசியும் வந்த பிறகுதான் அது இங்கே தொற்றியது. இதற்குச் சான்றாக ஒரே ஒரு புள்ளிவிவரம். ஸ்வீடனில் பத்து வீடுகளில் நான்குக்கு மேல் ஒற்றை ஆள் வசிக்கும் வீடுகளாம். பரிசளிப்பு விழாவில் இதைச் சொன்னபோது அரங்கம் எழுந்து கைதட்டியதாகப் பாராட்டுரை பெருமையோடு குறிப்பிடுகிறது.

அந்தக் கைதட்டல்தான் எங்களை உறுத்துகிறது.

ஸ்வீடனில் ஒற்றை ஆள் வீடுகள் மிகுதி என்பது உண்மை. அங்கே இருபது வயதை ஒட்டிப் பிள்ளைகள் வீட்டை விட்டுப் போவது இயல்பு. எண்பது வயதுக் கைம்பெண் தன் அடுக்ககத்தில் தனியே சமைத்து உண்பதும் இயல்பு. ஆனால் மேசையில் எத்தனை தட்டுகள் என்று எண்ணிவிட்டு, உண்பவர் மனத்தில் இருப்பதை எப்படிச் சொல்ல முடியும்? இந்தக் கேள்வியை முறையாகக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். பின்லாந்து ஆய்வாளர் இருவர் 1990இல் ஐரோப்பிய முதியோரைப் பற்றி வெளியிட்ட ஆய்வு இத்துறையில் அடிக்கடி எடுத்தாளப்படுவது. வடக்கிலிருந்து தெற்கே வர வர, தனியே வாழும் முதியோர் குறைகிறார்கள். தனிமையை உணர்வதாகச் சொல்லும் முதியோர் கூடுகிறார்கள். மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று உறவுகள் சூழ்ந்திருக்கும் கிரேக்க நாட்டில்தான் அந்தக் குரல் பலமாகக் கேட்டது. அதன்பின் வந்த ஐரோப்பியக் கணக்கெடுப்புகளிலும் டென்மார்க், ஸ்வீடன் போன்ற நாடுகளில் தனிமை குறைவாகவும், தெற்கிலும் கிழக்கிலும் கூடுதலாகவுமே பெரும்பாலும் பதிவாகியிருக்கிறது.

இதில் மர்மம் எதுவுமில்லை. ஒருவருக்கு வேண்டியிருக்கும் உறவுக்கும் கிடைத்திருக்கும் உறவுக்கும் இடையிலுள்ள தூரமே தனிமை என்று உளவியலாளர்கள் 1980களின் தொடக்கத்திலிருந்தே சொல்லி வருகிறார்கள். அப்படியானால் பண்பாடு வேலை செய்யும் இடம் எது? எவ்வளவு வேண்டும் என்று கற்றுக்கொடுக்கும் இடம். மாலையில் மகன் பக்கத்தில் வந்து உட்கார வேண்டும் என்று எதிர்பார்க்கவே கற்றிராத தாய், அவன் ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் அழைத்தால் நிறைந்துபோகிறாள். மகன் தன் கையால் கொள்ளி வைப்பது வரை கூடவே இருப்பான் என்று நம்பி வளர்ந்த தாயோ, அவன் அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொள்ளும்போதே தன்னை இழந்துவிடுகிறாள். கூட்டு வாழ்வை உயர்த்திப் பிடிக்கும் சமூகம் நிறைய உறவைத் தருகிறது. தான் தருவதைவிடப் பல மடங்கு உறவை வாக்களிக்கவும் செய்கிறது.

ஸ்வீடன் வேறு வழியில் போனது. 1971இல் கணவன், மனைவி வருமான வரியைத் தனித்தனியாக்கினார்கள். வளர்ந்த பிள்ளைகள் பெற்றோரைப் பேணியாக வேண்டும் என்ற சட்டக் கடமையை அதே பத்தாண்டு முடிவதற்குள் நீக்கினார்கள். ஓய்வூதியம் அரசிடமிருந்து, வீட்டுக்கு வந்து குளிப்பாட்டி விடும் பணியாளர் நகராட்சியிடமிருந்து. ஒருவரையொருவர் பிழைப்புக்குச் சாராத இருவரிடையேதான் அன்பு கலப்படமற்றதாக இருக்கும் என்ற எண்ணம் இதன் அடியில் இருப்பதாக அந்நாட்டு வரலாற்றாசிரியர் இருவர் 2006இல் ஒரு நூலே எழுதினார்கள். அந்த எண்ணம் மனிதர்களைப் பாலைவனத்தில் கொண்டுபோய் விட்டிருக்கிறது என்று குற்றஞ்சாட்டும் ஆவணப்படமும் அங்கிருந்தே 2015இல் வந்தது. விவாதம் அவர்கள் வீட்டுக்குள் நடக்கிறது. நாம் அதிலிருந்து பாதி வாக்கியத்தை எடுத்து வந்து மேடையில் வீசிக் கைதட்டல் வாங்குகிறோம். தற்கொலையை ஆராய்ந்த பிரெஞ்சுச் சமூகவியலாளர் துர்க்கைமிடமும் இதைத்தான் செய்தோம். பிணைப்பு அறுந்தவன் மட்டுமல்ல, பிணைப்பு இறுகியவனும் சாகிறான் என்று 1897இல் அவர் எழுதிய மறுபாதியை நம் பேராசிரியர்கள் எவரும் மேடையில் சொல்லிக் கேட்டதில்லை.

எங்கள் வாதத்துக்கு எதிராக இருப்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 2018இல் பிபிசி நடத்திய ஆய்வில் 46,000 பேருக்கு மேல் பங்கெடுத்தார்கள். தனிமனிதவாதம் மிகுந்த நாடுகளில் தனிமை சற்றுக் கூடுதல் என்றுதான் அதன் முடிவு. ஆனால் அது இணையத்தில் ஆங்கிலத்தில் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு, தாமாக முன்வந்தவர்கள் அளித்த விடை. ‘எனக்குத் தனிமையாக இருக்கிறது’ என்று ஒரு படிவத்தில் எழுதுவதற்கே ஒரு வளர்ப்பு வேண்டும். மகன் வீட்டிலிருக்கும் எந்தத் தாய் அதை எழுதுவாள்? எழுதினால் அது மகன்மேல் சொல்லும் புகாராகிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் ஆணையம் 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கை இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. வருமானம் குறைந்த நாடுகளில் ஏறத்தாழ 24 விழுக்காட்டினர் தனிமையை உணர்வதாகச் சொல்கிறார்கள். வருமானம் மிகுந்த நாடுகளில் ஏறத்தாழ 11. செழிப்பின் நோய் என்று தனிமையைப் பேசுகிறவர்கள் இந்த இரண்டு எண்களோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். வறுமை உறவை நெருக்கும் என்பது வறுமையை அறியாதவர்களின் நம்பிக்கை. பேருந்துக் காசில்லாமல் அண்ணன் வீட்டுச் சாவுக்குப் போகாமல் இருந்தவர்கள் நம் ஊர்களில் எத்தனையோ பேர்.

இனி ஜப்பானுக்கு வருவோம். கூட்டுணர்வுக்குப் பாடநூல்கள் காட்டும் உதாரணம் அது. தோக்கியோவுக்கு அருகே மட்சுதோ நகரில் தோக்கிவாதைரா என்றொரு பெரிய குடியிருப்பு உண்டு. 1960களின் வளர்ச்சிக் கனவு கட்டியெழுப்பிய அடுக்ககங்கள். 2000ஆம் ஆண்டில் அங்கே ஒரு வீட்டுக் கதவைத் திறந்தபோது 69 வயதுக்காரரின் எலும்புக்கூடு கிடைத்தது. இறந்து மூன்று ஆண்டுகள். வாடகையும் மின்கட்டணமும் வங்கிக் கணக்கிலிருந்து தாமாகவே போய்க்கொண்டிருந்தன. சேமிப்பு தீர்ந்து வாடகை நின்ற பிறகுதான் ஒருவர் வந்து கதவைத் தட்டினார். இப்போது அந்நாட்டுக் காவல்துறையே கணக்கு வைக்கிறது. 2024இல் தம் வீட்டில் தனியே இறந்தவர்கள் 76,020 பேர். அவர்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் 65 வயதைக் கடந்தவர்கள். 2021இல் தனிமைக்கென்றே ஓர் அமைச்சரை அமர்த்தினார்கள். 2024 ஏப்ரலில் அதற்கென ஒரு சட்டமும் நடைமுறைக்கு வந்தது.

மேற்கு வந்து ஜப்பானைக் கெடுத்துவிட்டது என்று இதற்கும் விடை சொல்வார்கள். அந்தக் குடியிருப்பில் நடந்ததை ஊன்றிப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது. அங்கே உறவு என்பது குடும்பம், பள்ளி, நிறுவனம் என்ற மூன்று வாசல்களின் வழியே வருவது. ஓய்வு பெற்று, மணம் முறிந்து, வாசல்கள் அடைபட்டுவிட்டால் ஐம்பது வயதில் ஒரு புதிய நண்பரைத் தேடிக்கொள்ளும் பழக்கத்தை அந்தச் சமூகம் கற்றுத்தரவில்லை. அதோடு இன்னொரு நெறி: பிறருக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாது. இது கூட்டு வாழ்வின் நெறி. தனிமனிதவாதத்தின் நெறி அல்ல. பக்கத்து வீட்டைத் தட்ட உயர்ந்த கையை இறக்க வைத்தது அதுதான்.

கூடி வாழும் அறம் தானாகவே இயங்குமென்றால் அதற்குச் சட்டம் எதற்கு என்ற கேள்வியும் இருக்கிறது. சிங்கப்பூர் 1995இல் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் கொண்டுவந்தது. இந்தியா 2007இல். மாதம் பத்தாயிரம் ரூபாய் வரை என்று நம் சட்டம் உச்சவரம்பும் வைத்தது. சீனா ஒருபடி மேலே போய், பெற்றோரை அடிக்கடி சென்று பார்த்தாக வேண்டும் என்று 2013 ஜூலை 1 முதல் சட்டமாக்கியது. அன்றைக்கே வூஷி நகர நீதிமன்றம் ஒரு மகளுக்கு ஆணையிட்டது: இரண்டு மாதத்துக்கு ஒருமுறையேனும் போய் 77 வயதுத் தாயைப் பார். கன்பூசிய மண்ணில் இப்படி ஓர் ஆணை. அந்த மகள் போயிருப்பாள். போய் என்ன பேசியிருப்பாள் என்பதுதான் எங்களுக்கு முக்கியம். அதை எந்த நீதிமன்றமும் எழுதித் தர முடியாது.

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து எங்களுக்கு ஒரு சந்தாதாரர் உண்டு. ஓய்வு பெற்ற தமிழாசிரியர். இதழைச் சாதாரண அஞ்சலில் அனுப்ப வேண்டாம், கூடுதல் பணம் கட்டுகிறேன், பதிவு அஞ்சலில் அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார். இதழ் வழியில் தொலைகிறதா என்று கேட்டோம். தொலைவதில்லை என்றார். பதிவு அஞ்சல் என்றால் தபால்காரர் வாசலில் நின்று அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். அவர் கையெழுத்தை வாங்க வேண்டும். வீட்டில் எட்டுப் பேர். அன்பில்லாதவர்கள் என்று யாரையும் சொல்ல முடியாது. வேளைக்குச் சோறு, மாத்திரை, தீபாவளிக்குப் புது வேட்டி எல்லாம் உண்டு. “தாத்தாவுக்குச் சோறு போட்டாச்சா?” என்று கூடத்தில் குரல் கேட்கும். “ஆச்சு” என்று இன்னொரு குரல். அவர் அங்கேதான், அந்த இரண்டு குரல்களுக்கும் நடுவே, நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அவரைப் பற்றிக் கேட்பார்கள். அவரிடம் கேட்க மாட்டார்கள். 2025இல் பதிவு அஞ்சலை விரைவு அஞ்சலோடு இணைத்தபோது அவர் தொலைபேசியில் கேட்டது ஒன்றைத்தான்: “கையெழுத்து வாங்குவாங்களாய்யா?”

பரிசு பெற்ற நூலின் கணக்குப்படி இவர் தனிமை அறியாதவர்.

எங்களில் மூத்தவர்களுக்கு இந்த விவாதம் புதிதில்லை. எழுபதுகளில் இருத்தலியல் படித்தோம் என்று சொன்னாலே இரண்டு பக்கமிருந்தும் அடி விழும். ஒரு முகாம் அதைக் குட்டி பூர்ஷ்வாச் சீரழிவு என்றது. இன்னொரு முகாம் வேதாந்த மண்ணில் விதைத்த பாரிஸ் களை என்றது. ஒன்றையொன்று வெறுத்த இரு முகாம்களும் இந்த ஒரு தீர்ப்பில் மட்டும் கைகோத்தன: தமிழனுக்குத் தனிமை இல்லை, அது இறக்குமதி. அந்த வாதத்தில் முதலில் அடிபட்டவர் மௌனி. இரவுகளில் அவர் கதைகளை உரக்கப் படித்துக் கிறங்கியிருந்தவர்களுக்கு அது நெஞ்சில் குத்தியது. மௌனியின் முதல் கதைகள் அச்சேறியது 1936இல். சார்த்தரின் ‘குமட்டல்’ பாரிசில் வெளிவந்தது 1938இல். கும்பகோணத்தில் இருந்துகொண்டு அவர் யாரிடம் கடன் வாங்கியிருக்க முடியும்? கோயிலும் தெருவும் சுற்றமும் நிறைந்த ஊரில்தான் அவருடைய மனிதர்கள் நிழல்களைப் போல அலைந்தார்கள். புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’ இன்னும் கடுமையானது. தெற்கிலிருந்து சென்னைக்கு வந்த ஜவுளிக்கடைச் சிப்பந்தி ஒருவர், இரவெல்லாம் மனைவியின் சாவுக்குத் துணையிருக்கிறார். இருவருக்கும் இடையே அன்புக்குக் குறைவே இல்லை. பிறகு சூடாமணி. பெரிய வீடுகளின் சமையலறையில், ஊஞ்சலில், மாடியறையில் யாரும் கேட்காத மனங்களை ஒரு வாழ்நாள் முழுக்க எழுதினார். இந்த மூவரையும் வைத்துக்கொண்டு தனிமை நமக்கு அந்நியம் என்று சொல்கிறவர் தமிழ் இலக்கியத்தை எங்கே வைத்திருக்கிறார்?

சிக்கல் இந்த ஒரு நூலோடு முடிவதில்லை. பல ஆண்டுகளாகவே பரிசுகள் ஒரே திசையில் போய்க்கொண்டிருக்கின்றன. திண்ணை, முற்றம், பாட்டியின் கை உருண்டைச் சோறு, பந்தியில் நூறு இலை. நினைவேக்கம் இலக்கியமாகிவிட்டது. அந்த முற்றத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்று மட்டும் எழுதுகிறார்கள். யார் வேலிக்கு வெளியே நின்றார்கள் என்று எழுதுவதில்லை. நூறு இலைக்கும் சமைத்துவிட்டுக் கடைசியில் அடுப்படியில் ஒற்றையாய் உண்டவள் யார்? சுபகாரியத்தில் எதிரே வராமல் உள்ளறையில் இருந்துகொண்ட விதவை அத்தை யார்? நெருங்கிய கூட்டம் எங்கே இருந்ததோ அங்கே கூர்மையான எல்லைக்கோடும் இருந்தது. அதை ஊர் என்றும் சேரி என்றும் பிரித்துப் பேர் வைத்ததும் நாம்தான். அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கும் குழந்தையின் தனிமையை எந்த அளவுகோலும் இதுவரை கேட்கவில்லை. ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் அம்பேத்கர் மாணவர் சங்கத்தில் இயங்கிய ரோஹித் வெமுலா 2016 ஜனவரியில் உயிரை மாய்த்துக்கொண்டபோது விட்டுச்சென்ற கடிதத்தில், தன் சிறுவயதுத் தனிமையிலிருந்து தன்னால் மீளவே முடியவில்லை என்று எழுதியிருந்தார். அந்தத் தனிமையைக் கைப்பேசி கொண்டுவரவில்லை. தனிக்குடித்தனம் கொண்டுவரவில்லை. மரபைக் கொண்டாடும் எந்தத் தலைமுறையும் இந்த ஒரு வரிக்குப் பதில் சொல்லாமல் அடுத்த வரியை எழுதக் கூடாது.

அடுத்த இதழின் பெரும்பகுதியை இதற்கென ஒதுக்குகிறோம். கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்தவர்கள், வாழ்கிறவர்கள், அதிலிருந்து வெளியேறியவர்கள், அதில் ஒருபோதும் சேர்த்துக்கொள்ளப்படாதவர்கள், வீட்டு வேலைக்கு வந்து அந்த வீட்டின் பின்கட்டிலேயே இளமையைக் கழித்தவர்கள் எழுத வேண்டும். கட்டுரையாக இருக்க வேண்டியதில்லை. கடிதம் போதும், கையெழுத்துப் பிரதி போதும், தொலைபேசியில் சொன்னால் நாங்கள் எழுதிக்கொள்கிறோம். பெயர் வேண்டாம் என்பவர்களின் பெயரை வெளியிட மாட்டோம். பரிசு பெற்ற நூலின் ஆசிரியர் மறுப்பு எழுதினால், ஒரு சொல்லும் வெட்டாமல் முதல் பக்கத்தில் வெளியிடுவோம்.