கப்பலில் துண்டு போட்டவர்கள்

கப்பலில் போய்விட்டு வந்தவரிடம் ஊரார் சமுத்திரத்தைப் பற்றித்தான் கேட்பார்கள் என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை. சென்ற மாதம் நல்லம்பள்ளியில் எங்கள் அத்தை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். வாரச் சந்தைக்கு வந்த பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு அத்தையைச் சூழ்ந்துகொண்டார்கள். "சோறு போட்டாங்களா?" என்பது முதல் கேள்வி. "கக்கூசு எப்படி?" என்பது இரண்டாவது. "தலை சுத்துச்சா?" என்பது மூன்றாவது. கடல் என்ன நிறம் என்று ஒருத்தியாவது கேட்க வேண்டுமே!

அவர்கள் மேல் தப்பில்லை. தர்மபுரி ஜில்லாவுக்குக் கடற்கரையே கிடையாது. இந்தப் பக்கம் அதியமான்கோட்டை, அந்தப் பக்கம் தொப்பூர் கணவாய், நடுவே நல்லம்பள்ளி. தண்ணீரில் மிதக்கிற வாகனம் என்றால் அத்தை கண்டது ஒகேனக்கல் பரிசல் ஒன்றுதான். அதில் ஏறினால் சுற்றுகிற சுற்றில் வயிறு வாய்க்கு வந்துவிடும். அப்படிப்பட்ட அத்தை, எழுபது வயசுக்கு மேல், பத்துப் பதினைந்து மாடிக் கப்பலில் மூன்று ராத்திரி தூங்கி எழுந்து வந்திருக்கிறாள். துணைக்குப் போனவள் நான்.

அத்தை மகன் சிங்கப்பூரில் வேலையாக இருக்கிறான். அங்கிருந்து பினாங்கு போய்த் திரும்புகிற உல்லாசக் கப்பலில் எல்லோருக்கும் டிக்கட் வாங்கிவிட்டான். "கப்பலாவது கிப்பலாவது" என்று முதலில் கையை உதறிய அத்தை, பினாங்கு என்ற பெயரைக் கேட்டதும் வாயை மூடிக்கொண்டாள். அதன் காரணத்தைப் பிறகு சொல்கிறேன். கப்பலின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். குறை சொல்லப் போகிற இடத்தில் பெயர் எதற்கு?

கிளம்புகிற சகோதரிகளுக்கு முதலில் ஒரு யோசனை. சிங்கப்பூரிலிருந்து கப்பலேறிப் போய் மறுபடி சிங்கப்பூரில் இறங்கினால் அது இரண்டாவது தடவை நாட்டுக்குள் நுழைகிற கணக்கு. பல முறை நுழைய அனுமதிக்கிற விசாதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டியில் இஸ்திரிப் பெட்டி, கெட்டில் வைக்காதீர்கள். நெருப்புக்குப் பயந்து வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். அத்தியாவசியமாக எடுத்துப் போக வேண்டிய சாமான் எது தெரியுமா? ஒரு பிளாஸ்டிக் குவளை! கப்பல் கழிப்பறையில் எல்லாம் காகிதம்தான். பொத்தானை அமுக்கினால் புலி உறுமுகிற சத்தத்தோடு காற்றே எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடுகிறது. தண்ணீரை மிச்சப்படுத்த அப்படி ஓர் ஏற்பாடாம். முதல் தடவை அத்தை அலறிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். ஆனால் ஊரிலிருந்தே குவளை கொண்டுவந்திருந்தாள். படித்த எனக்குத் தோன்றவில்லை பாருங்கள்!

ஏறின உடனே ஓர் ஒத்திகை. ஏழு குறுகிய ஊதல், அப்புறம் ஒரு நீண்ட ஊதல். அதைக் கேட்டால் எந்த மூலையில் கூடவேண்டும், மிதவைச் சட்டையை எப்படிக் கட்டவேண்டும் என்று காட்டுகிறார்கள். கூட வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். ஒருவர் காப்பி ஆறிப்போகிறது என்று சண்டை பிடித்தார். 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா என்ற கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் மாண்டார்கள். அன்று சாயங்காலம்தான் ஏறியிருந்த பல நூறு பேருக்கு ஒத்திகையே நடந்திருக்கவில்லை. ஏறி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பது அப்போதைய சட்டம். அதற்குப் பிறகுதான், புறப்படுமுன் அல்லது புறப்பட்ட கையோடு நடத்தியே ஆகவேண்டும் என்று மாற்றினார்கள். இதைக் காப்பிக்காரரிடம் சொல்ல எனக்கு வாய் துறுதுறுத்தது. அத்தை மட்டும் அந்தச் சட்டையைக் கழற்ற மனசில்லாமல் கழற்றிக் கொடுத்தாள்.

எங்களுக்குக் கிடைத்தது உள்ளறை. விலை குறைவு, ஜன்னல் கிடையாது. விளக்கை அணைத்தால் நடுப்பகலும் அமாவாசைதான். அத்தை எந்தக் கடிகாரமும் இல்லாமல் நல்லம்பள்ளியில் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்திருப்பவள். இங்கேயும் ஐந்துக்குச் சரியாக எழுந்தாள். ஆனால் அது நம் ஊர் ஐந்து. சிங்கப்பூர் நேரம் இரண்டரை மணி முன்னால் ஓடுவதால், மேலே போய்ப் பார்த்தால் ஏழரை மணி வெயில். "சூரியன் நமக்காகக் காத்திருக்கலையே கண்ணு" என்றாள்.

மற்ற தொந்தரவுகளை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். கப்பல் முழுக்க ஊட்டிக் குளிர், ஸ்வெட்டர் வேண்டும். தினம் தலைக்கு இத்தனை டாலர் என்று ஊழியர் சேவைக் கட்டணம் தானாகவே கணக்கில் ஏறும். கடைசி நாள் மயக்கம் போட வேண்டாம். கைப்பேசியை விமானப் பிரயாணத்தில் போல முடக்கி வையுங்கள். நடுக்கடலில் கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பைப் பற்றிக்கொண்டால் பில் ஆளை விழுங்கிவிடும். ஆட்டத்துக்குப் பயப்படுபவர்கள் கீழ்த் தளத்தில் நடு மையமாக அறை கேளுங்கள். ராட்டினத்திலும் அச்சுக்குப் பக்கம் ஆட்டம் குறைவுதானே! நாங்கள் போன சமயம் மலாக்கா ஜலசந்தி குளம்போலத்தான் கிடந்தது. அத்தை கொண்டுவந்த சுக்குக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

சாப்பாடு விஷயம் கொஞ்சம் நுட்பமானது. நூறு வகை பதார்த்தம் வரிசையாக இருக்கும். மரக்கறி என்று சீட்டு வைத்த குழம்பில் ஒருவர் கரண்டியும் பக்கத்து மாமிசப் பாத்திரத்துக் கரண்டியும் இடம் மாறிக் கிடக்கும். அத்தை இரண்டு வேளை தயிர், ரொட்டி, வாழைப்பழத்தோடு நிறுத்திக்கொண்டாள். களியும் கீரையும் தின்ற உடம்பு. அதற்காக யாரையும் திட்டவில்லை. மூன்றாம் வேளை சமையல்காரரை நேரில் கேட்டோம். தனியாகச் சமைத்து வந்துவிட்டது. முதல் நாளே கேட்டிருக்கலாம்!

ஆனால் நேயர்களே, எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது இரண்டு இடங்களில். முதலாவது, மேல் தளத்து நாற்காலிகள். நீச்சல் குளத்தைச் சுற்றி முந்நூறு சாய்வு நாற்காலியாவது இருக்கும். காலையில் போனால் ஆள் பத்துப் பேர். மற்ற எல்லா நாற்காலியிலும் ஆளுக்குப் பதில் ஒரு துண்டு! அல்லது ஒரு செருப்பு, ஒரு புஸ்தகம். ஆள்கள் கீழே இட்லி... மன்னிக்கவும், ஆம்லெட் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். சில கப்பல்களில் அரை மணிக்கு மேல் ஆள் வராவிட்டால் ஊழியர்கள் துண்டை எடுத்துவிடுவார்களாம். எங்கள் கப்பலில் அப்படி ஒரு பலகை இருந்தது. பலகை மட்டும் இருந்தது.

அத்தைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "தர்மபுரி டவுன் பஸ்ஸுல நம்மாளுங்க ஜன்னல் வழியாத் துண்டு போடுறாங்கன்னு நீ பேப்பர்ல எழுதினியே, இவங்களைப் பத்தி எழுதுவியா?" என்றாள். இதோ எழுதிவிட்டேன். அறையைச் சுத்தம் செய்கிற பிலிப்பைன்ஸ் பையன் ராத்திரி ராத்திரி துண்டை மடித்து யானை, குரங்கு என்று செய்து படுக்கையில் வைத்துவிட்டுப் போவான். அத்தை அந்த யானையைப் பிரிக்க மறுத்து வேறு துண்டால் துடைத்துக்கொண்டாள். ஒரே சாமானை ஒருவர் யானையாக்குகிறார், ஒருவர் வேலியாக்குகிறார்.

இரண்டாவது கோபம் பினாங்கில். இப்போது அந்தக் காரணத்தைச் சொல்ல வேண்டும்.

அத்தையின் அப்பா, அதாவது என் தாத்தா, 1937-இல் பதினேழு வயசில் கங்காணி பின்னால் மலாயாவுக்குப் போனவர். தர்மபுரி அப்போது சேலம் ஜில்லாவில் சேர்ந்தது. அங்கிருந்து ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்துக்கொண்டு போவார்கள். அடுத்த வருஷம் 1938-இல் இந்திய சர்க்கார் அப்படி ஆள் கொண்டுபோவதைத் தடுத்துவிட்டது. தாத்தா நாகப்பட்டினத்தில் ஏறியது ராஜுலா. 1926-இல் கட்டிய கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று பல வருஷம் ஓடி, 1974-இல் உடைக்கப்பட்டது. 8,500 டன்கூட இல்லாத அந்தக் கப்பலுக்கு ஐயாயிரம் தளத்துப் பிரயாணிகள் வரை ஏற்ற உரிமம் இருந்ததாம். எங்கள் உல்லாசக் கப்பல் லட்சம் டன்னுக்கு மேல். அதில் அத்தனை பேர் இல்லை. சொந்தப் பாயை விரித்துத் தளத்திலேயே படுக்க வேண்டும். நாற்காலிக்குத் துண்டு போடுகிற சிரமம் யாருக்கும் இருந்திருக்காது.

பினாங்கு வந்ததும் தாத்தாவை ஊருக்குள் விடவில்லை. தொற்று நோய்க்குப் பயந்து ஜெரஜாக் என்ற தீவில் நிறுத்தி வைத்துவிட்டார்கள். ஏழு நாள் என்பார். தோட்டத்தைப் பற்றியோ, யுத்தத்தைப் பற்றியோ அதிகம் பேசாத மனிதர் அந்த ஏழு நாளைப் பற்றி மட்டும் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். எதிர்க்கரையில் ராத்திரி விளக்கு எரியுமாம்; யார் வீட்டிலோ சமைக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே படுத்திருப்பாராம். அந்தத் தீவு பிற்பாடு சிறைச்சாலையாகி, அதுவும் 1993-இல் மூடப்பட்டது. அத்தைக்கு அதைக் கண்ணால் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

கப்பல் மத்தியானம் ஒரு மணிக்குக் கரை சேர்ந்தது. ஏழு மணிக்குள் எல்லோரும் திரும்பி ஏறியாக வேண்டும். கப்பல்காரர்களே நடத்துகிற சுற்றுலாவில் போனால் பஸ் தாமதமானாலும் கப்பல் காத்திருக்கும். தனியாகப் போகிறவருக்கு அந்தத் தயவு கிடையாது. அதனால் ஒவ்வொரு நிமிஷமும் எங்களுக்குப் பவுன். ஆனால் இறங்குகிற வரிசை நகரவே இல்லை! லிப்ட் ஒவ்வொன்றும் நிரம்பி வந்து, நிற்காமலே போயிற்று. சுற்றுலாச் சீட்டு வாங்கினவர்கள் முதலில் என்றார்கள். பிறகு எந்தத் தளத்து வாசல் என்பதை மாற்றினார்கள். படிக்கட்டில் ஒன்றேகால் மணி நேரம் நின்றோம். அத்தை மகன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "தீவு வேண்டாம்மா. பக்கத்திலேயே மாரியம்மன் கோயில் இருக்குது, கும்பிட்டுட்டு வந்துடலாம்" என்றான். 1833-இலேயே எழுந்த கோயில். துறையிலிருந்து நடந்துபோகிற தூரம்தான். நானும் தலையை ஆட்டினேன். அத்தை பதில் சொல்லவில்லை. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு இன்னும் ஒரு படி கீழே இறங்கி நின்றாள்.

கரையில் கால் வைத்தபோது மூன்றேகால். டாக்சிக்காரர் நல்ல வேளையாகத் தமிழர். போக்குவரத்து நெரிசலில் ஊர்ந்து, பெரிய பாலம் தாண்டி, கடற்கரைக்குப் போய்ச் சேர நாலரை ஆகிவிட்டது. எதிரே தண்ணீருக்கு அப்பால் தீவு. நான் என்னவோ தூரத்தில் கோடுபோலத் தெரியும் என்று நினைத்திருந்தேன். மரம் மரமாகத் தெரிகிறது! படகில் போனால் கால் மணிகூட ஆகாது.

அத்தை ரொம்ப நேரம் தீவைப் பார்க்கவில்லை. திரும்பி, எங்களுக்குப் பின்னால் இருந்த கரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாடி மாடியாக வீடுகள், கொடியில் துணி. "இங்கதான் அந்த விளக்கு எரிஞ்சிருக்கும்" என்றாள். "இவ்வளவு கிட்டவா கண்ணு?"

ஐந்து மணிக்கு டாக்சிக்காரர் ஹாரன் அடித்தார். மறுபடி நெரிசல், மறுபடி வரிசை, பையைச் சோதிக்கிற இயந்திரம். கப்பலுக்குள் நுழைந்தபோது ஆறு ஐம்பது. எனக்கு மூச்சு வாங்கியது. அத்தை அறைக்குப் போகவில்லை. நேரே மேல் தளத்துக்கு லிப்டில் ஏறினாள்.

இருட்டத் தொடங்கியிருந்தது. தெற்கே பாலத்து விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. அதற்கும் அப்பால்தான் தீவு, இங்கிருந்து தெரியாது. அந்தப் பக்கம் பார்த்த நாற்காலிகள் எல்லாவற்றிலும் வழக்கம்போலத் துண்டு. ஆள் இல்லை. அத்தை ஒரு துண்டை எடுத்தாள். நாலாக மடித்து, பக்கத்து மேஜைமேல் மரியாதையாக வைத்தாள். உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். அடுத்த நாற்காலித் துண்டையும் எடுத்து மடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"உக்காரு கண்ணு. அவங்க வந்தா எந்திரிச்சுக்கலாம்."

கப்பல் ஊதிக்கொண்டு நகர்ந்து, பாலத்து விளக்குகள் மறைகிற வரையில் யாரும் வரவில்லை.