விழுந்தவர்க்கு விரிக்கும் குடை

சென்ற சந்திப்பில் பேச்சு நாவலில் தொடங்கிக் கால்பந்தில் முடிந்தது. சந்தவாசலில் கூடும் எமது சிறு குழுவுக்கு இது புதிதன்று. பின்னிரவு வரை இங்கிலாந்து ஆட்டங்களைப் பார்த்துவிட்டு, காலையில் சிவந்த கண்களோடு தறிக்குழியில் இறங்கும் இளைஞர்கள் எம்மிடையே உண்டு. அன்று நண்பர் ஒருவர் ஆவேசமாக வாதிட்டார். இந்தியாவின் மேல் லீகிலிருந்து அணிகளைக் கீழே இறக்கும் முறை வருமானால், இங்கிலாந்தில் உள்ளதுபோல், இறங்கிய அணிக்குச் சில ஆண்டுகள் பணம் கொடுக்கும் ஏற்பாடும் கூடவே வர வேண்டும் என்றார். ‘விழுந்தவனுக்குக் கை கொடுப்பது குற்றமா?’ என்பது அவர் கேள்வி. பலரும் தலையாட்டினர். நாம் ஆட்டவில்லை. ஏன் என்பதை அன்று சொல்லப் பொழுது போதவில்லை, இங்கே சொல்கிறோம்.

கால்பந்து பார்க்காத வாசகர்களுக்குச் சில வரிகள். இங்கிலாந்தின் பிரீமியர் லீகில் இருபது அணிகள். ஆண்டுதோறும் கடைசி மூன்று இடங்களில் நிற்பவை ‘சாம்பியன்ஷிப்’ எனும் இரண்டாம் பிரிவுக்கு இறங்கும். அங்கிருந்து மூன்று அணிகள் மேலேறும். மேலே தொலைக்காட்சிப் பணம் கொட்டுகிறது, கீழே சொட்டுகிறது. திடீரென இறங்கும் அணி ஒடிந்துபோகாதிருக்க, பிரீமியர் லீக் அதற்கு ஒரு தொகை வழங்குகிறது. ‘பாராசூட் தொகை’ என்பது அதன் வழக்குப் பெயர். 2016–17 பருவத்தில் வகுத்த கணக்குப்படி, ஒளிபரப்பு வருவாயில் மேல் அணிகள் சமமாகப் பிரித்துக்கொள்ளும் பங்கில் 55 விழுக்காடு முதல் ஆண்டிலும், 45 இரண்டாம் ஆண்டிலும், 20 மூன்றாம் ஆண்டிலும் இறங்கிய அணிக்குக் கிடைக்கும். மேலே ஒரே ஒரு பருவம் இருந்துவிட்டு இறங்கியதற்கு மூன்றாம் ஆண்டுத் தொகை இல்லை. முதலாண்டுத் தொகை மட்டும் நான்கு கோடிப் பவுண்டைத் தாண்டியதுண்டு. அதே பிரிவில் ஆடும், அண்மையில் மேலே போயிராத அணிக்கு மேலிருந்து வந்த உதவி சுமார் ஐம்பது லட்சம் பவுண்டு.

இந்தப் பணம் வெற்றியாக மாறுகிறதா? நாம் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தோம். புதிய கணக்கு வந்த பிறகு, 2017 முதல் 2024 வரை எட்டு ஆண்டுகளில் இறங்கியவை இருபத்து நான்கு. (ஒரே அணி இருமுறை இறங்கியிருந்தால் இருமுறை எண்ணியிருக்கிறோம்.) அவற்றுள் அடுத்த பருவத்திலேயே மேலேறியவை எட்டு. 2017இலும் 2018இலும் இறங்கிய ஆறில் ஒன்றுகூட உடனே ஏறவில்லை. பிறகு 2020இல் ஃபுல்ஹாம், 2021இல் நார்விச்சும் வாட்ஃபோர்டும், 2022இல் மறுபடி ஃபுல்ஹாம், 2023இல் பர்ன்லி, 2024இல் லெஸ்டரும் சவுத்தாம்ப்டனும், 2025இல் மறுபடி பர்ன்லி.

மூன்றில் ஒன்று. நண்பர் இங்கே எம்மை மடக்கலாம். இரண்டாம் பிரிவில் இருபத்து நான்கு அணிகள், மேலேறுபவை மூன்று. ஆக, சராசரி எட்டில் ஒன்றுதான், மூன்றில் ஒன்று என்பது அதைவிடப் பன்மடங்கு அல்லவா என்று கேட்கலாம். கேட்கட்டும். அந்த அணிகளிடம் மேல் பிரிவில் ஆடிய வீரர்கள் இருக்கிறார்கள், நல்ல பயிற்சிக் களங்கள் இருக்கின்றன; அந்த அனுகூலத்தில் எத்தனை பங்கு பணத்தால் வந்தது என்று பிரித்துச் சொல்வது எளிதன்று. ஆனாலும் ஏணியின் முதற்படியில் பணம் உதவுகிறது என்பதை நாம் மறுக்கவில்லை. எமது கேள்வி அடுத்த படியைப் பற்றியது. 2020 முதல் 2024 வரை அவ்வாறு உடனே மேலேறிய ஏழில், மேலே போன முதற்பருவத்திலேயே திரும்பவும் இறங்கியவை ஆறு. ஃபுல்ஹாம் 2021இல் இறங்கியது, நார்விச், வாட்ஃபோர்ட் 2022இல், பர்ன்லி 2024இல், லெஸ்டர், சவுத்தாம்ப்டன் 2025இல். சவுத்தாம்ப்டன் அந்தப் பருவம் முழுவதும் ஆடிச் சேர்த்த புள்ளிகள் பன்னிரண்டு. தப்பி நின்றது 2022இல் ஏறிய ஃபுல்ஹாம் ஒன்றே.

இதை வெற்றி என்று சொல்ல எமக்கு நா எழவில்லை. கிணற்று வாளி மேலே வருகிறது, கீழே போகிறது, அவ்வளவுதான்.

பணம் வந்தும் மேலும் விழுந்தவர்கள் கதை இன்னும் கசப்பானது. சண்டர்லாந்து 2017இல் பிரீமியர் லீகிலிருந்து இறங்கியது. பாராசூட் தொகை கையில் இருக்கும்போதே அடுத்த ஆண்டு மூன்றாம் பிரிவுக்கும் இறங்கியது. நான்கு பருவங்கள் அங்கே கிடந்து 2022இல்தான் மீண்டது. அது பிரீமியர் லீகுக்குத் திரும்பியது 2025இல், அந்தத் தொகையெல்லாம் நின்று பல ஆண்டுகள் ஆன பின்பு. லூட்டன் இன்னொன்று. 2009 முதல் 2014 வரை தொழில்முறை லீகுக்கே வெளியே ஆடிக்கொண்டிருந்த அந்தச் சிறிய அணி, பாராசூட்டின் பைசா ஒன்றும் இல்லாமல் படிப்படியாக ஏறி 2023இல் பிரீமியர் லீகைத் தொட்டது. 2024இல் இறங்கியது. முதன்முறையாக பாராசூட் தொகை பெற்றது. 2025இல் மூன்றாம் பிரிவுக்கு விழுந்தது! ஒன்றை வைத்து எல்லாம் சொல்லிவிட முடியாதுதான். ஆனால் வறுமையில் ஏறி, வசதியில் சரிந்த இந்த வரிசையை நண்பர் எப்படி விளக்குவார் என்று அறிய ஆவல்.

எமது விளக்கம் தறியிலிருந்து வருகிறது. இப்பக்கத்துப் பட்டு நெசவாளர் பலர் முதலாளியிடம் முன்பணம் வாங்கியவர்கள். கல்யாணத்துக்கோ மருத்துவத்துக்கோ வாங்கிய தொகை. பிறகு அவர் தரும் பாவைத்தான் நெய்ய வேண்டும், அவர் சொல்லும் கூலிதான் கூலி. வேறு முதலாளியிடம் போக வேண்டுமானால் புதியவர் பழையவரின் கணக்கைத் தீர்க்க வேண்டும். கடன் ஆள் மாறும், தீராது. அந்த முன்பணத்தால் ஒரு நெசவாளர் இரண்டாவது தறி போட்டார் என்று நாம் அதிகம் கேள்விப்பட்டதில்லை. பணம் கைக்கு வரும் முன்பே அது போக வேண்டிய இடம் முடிவாகியிருக்கும். இறங்கிய அணியின் கதையும் இதுவே. மேலே இருந்தபோது நான்கைந்து ஆண்டுகளுக்கு எழுதிக்கொடுத்த ஒப்பந்தங்கள் இருக்கின்றன. வந்த தொகை அந்தச் சம்பளங்களுக்கே போகிறது. புதிய அணி கட்ட அல்ல, பழைய தவற்றுக்குத் தவணை கட்ட.

சரி, அது அவர்கள் பாடு என்று விட்டுவிடலாமா? விட முடியாது. ஒரே களத்தில் ஆடும் மற்ற அணிகள் இந்தப் பணத்தோடு மோத வேண்டியிருக்கிறது. எட்டு மடங்கு உதவி பெறும் அணியோடு போட்டியிட, உதவி குறைந்த அணி கடன் வாங்கி வீரர்களை எடுக்கிறது. உரிமையாளர் பையிலிருந்து போட்டு நட்டத்தை நிரப்புகிறது. ஒருவர் விழும்போது அடி படாமல் காக்க விரித்த குடை, பக்கத்துக் குடிசையின் வெயிலை மறைக்கிறது. அப்படியும் மேலேறி நின்றவர்கள் உண்டு: 2017இல் பிரைட்டன், 2021இல் பிரென்ட்ஃபோர்ட், 2022இல் நாட்டிங்காம் ஃபாரஸ்ட். மூன்றும் ஏறிய ஆண்டில் பாராசூட் தொகை பெற்றவையல்ல. ஏறிய கையோடு மூன்றும் விழவும் இல்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். நண்பரின் உண்மையான கவலை இதுதான். அவர் எடுத்துக்காட்டாகச் சொன்னது பஞ்சாபின் பக்வாராவைச் சேர்ந்த ஜேசிடி. துணி ஆலை ஒன்றின் அணி என்பதால் எமக்கும் அதன்மீது ஒரு வாஞ்சை. 1996–97இல் நடந்த முதல் தேசிய லீகை வென்ற அணி, ஐ.எம். விஜயனும் பாய்ச்சுங் பூட்டியாவும் ஆடிய அணி. 2011இல் ஐ-லீகிலிருந்து இறங்கியது. அதே ஆண்டு ஜூனில் உரிமையாளர்கள் அணியையே மூடிவிட்டார்கள். பாராசூட் இருந்திருந்தால் பிழைத்திருக்கும் என்கிறார் நண்பர். அவர்கள் சொன்ன காரணத்தை அவர் மறந்துவிட்டார். ஆட்டங்கள் மக்கள் கண்ணில் படவில்லை, அணி நடத்துவதால் பயனில்லை என்ற பொருளில்தான் அவர்கள் பேசினார்கள். வீடே இடியும்போது கூரைக்கு ஓடு மாற்றி என்ன செய்ய?

இதற்கு நேர் எதிரான ஒரு கதை மிசோரமில் நடந்தது. அதைப் பற்றித் தமிழில் போதுமான அளவு யாரும் எழுதவில்லை என்பது எமது தனிப்பட்ட மனக்குறை. ஐசால் அணி 2015–16 ஐ-லீகில் கீழிறங்கும் இடத்தில் முடித்தது. விதிப்படி அது இரண்டாம் பிரிவுக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் 2016இல், லீகின் எதிர்காலம் குறித்த திட்டங்களை எதிர்த்து, கோவாவின் சல்கோக்கரும் ஸ்போர்ட்டிங் கிளப்பும் விலகிக்கொண்டன. காலியான இடத்தில் ஐசாலைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். விழுந்ததற்காக யாரும் அதற்குப் பணப்பை கொடுக்கவில்லை. கிடைத்தது ஆடுவதற்கு ஓர் இடம், அவ்வளவே.

அந்த இடத்தில் அவர்கள் என்ன செய்தார்கள்? மும்பை அணி ஒன்றில் பல்லாண்டுகள் பயிற்றுநராக இருந்து, வேண்டாம் என்று அனுப்பப்பட்ட காலித் ஜமீலை அழைத்தார்கள். மும்பையில் அவரிடம் ஆடிய ஜெயேஷ் ராணே, அசுதோஷ் மேத்தா ஆகியோர் அவர் பின்னே வந்தனர். சிரியாவைச் சேர்ந்த மஹ்மூத் அல் அம்னா நடுக்களத்தைப் பிடித்துக்கொண்டார். மற்றபடி பெரும்பாலும் உள்ளூர்ப் பிள்ளைகள். 2017 ஏப்ரலில் மோகன் பகானை ஐசாலில் 1–0 என வென்றார்கள். ஏப்ரல் 30 அன்று ஷில்லாங்கில் லஜோங் அணியோடு 1–1 எனச் சமன்செய்து, 37 புள்ளிகளோடு சாம்பியன் ஆனார்கள். மோகன் பகானுக்கு 36. வடகிழக்கிலிருந்து அந்தப் பட்டத்தை வென்ற முதல் அணி. ஓராண்டுக்கு முன் கீழே தள்ளப்பட இருந்த அணி! அந்த ஜமீல்தான் 2025இல் இந்திய அணியின் பயிற்றுநராக நியமிக்கப்பட்டார்.

தமிழ்நாட்டுக் கதை இதற்குக் கசப்பான பின்குறிப்பு. கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி 2018–19 ஐ-லீகை வென்றது. வென்ற அணி ஏறிப்போக அப்போது மேலே வழியில்லை. ஐஎஸ்எல் என்பது கட்டணம் கட்டி நுழையும் மாளிகை. 2021–22 பருவத்தில் ஐ-லீகிலேயே சென்னை சிட்டி இல்லை. ஐ-லீகை வென்று ஐஎஸ்எல்லுக்கு ஏறும் வழி 2023இல் பஞ்சாப் அணியோடுதான் தொடங்கியது. கீழிறங்கும் வழியோ 2024–25 பருவம் முடியும் வரை திறக்கவேயில்லை. அந்தப் பருவத்தில் கடைசியாக வந்த முகமதன் ஸ்போர்ட்டிங் இறங்கவில்லை. அதுவரை யாருமே விழாத இடத்தில், விழுபவர்க்கான குடையைப் பற்றிக் கூட்டம் கூட்டிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

நண்பரின் இரக்கத்தை நாம் குறை சொல்லவில்லை. ஓர் அணி இறங்கும்போது சீட்டுக் கிழிப்பவரும் புல் வெட்டுபவரும் வேலை இழக்கிறார்கள்; அவர்களுக்கு ஓராண்டுக் கூலியை உறுதி செய்யட்டும், மனமார வரவேற்போம். வீரர்களின் ஒப்பந்தத்தில், அணி இறங்கினால் சம்பளமும் இறங்கும் என்று முதல் நாளே எழுதட்டும். மிஞ்சும் பணத்தை இரண்டாம் பிரிவின் எல்லா அணிகளுக்கும் சமமாகப் பிரிக்கட்டும். அவற்றின் ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் காட்டட்டும்.

அடுத்த சந்திப்புக்கு மறுப்புரை எழுதிக்கொண்டு வருவதாக நண்பர் சொல்லியிருக்கிறார். அதில் ஐசாலைப் பற்றி ஒரு பத்தியாவது இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். நாவலைப் பற்றிய பேச்சு அதற்கடுத்த மாதம்.